கொம்பன் சுறாக்களின் மலை

மெக்சிகோவின் வடமேற்கில், கலிபோர்னியா வளைகுடாவின் தென்பகுதியில், லா பாஸ் நகரை அடுத்து எஸ்பிரிட்டு சாந்தோ என்ற வறண்ட தீவு இருக்கிறது. அதன் வடகிழக்கே திறந்த கடலில் படகை நிறுத்தினால் அருகில் தண்ணீரைத் தவிர வேறெதுவும் தெரியாது. ஆனால் அங்கே பல நூறு மீட்டர் ஆழத்திலிருந்து ஒரு மலை எழுந்து, நீர்மட்டத்துக்கு ஏறத்தாழ 18 மீட்டர் கீழே நின்றுவிடுகிறது. வரிசையாக மூன்று உச்சிகள் கொண்ட இம்மலைக்கு உள்ளூர் மீனவர் வைத்த பெயர் எல் பாஹோ. ஸ்பானிய மொழியில் ஆழம் குறைந்த இடம் என்று பொருள். முக்குளிக்க வரும் வெளிநாட்டார் இதை மாரிஸ்லா என்றும் சொல்வார்கள்.

மீனவர் வைக்கும் பெயரில் மலை என்ற எண்ணமே இல்லை என்பதைக் கவனிக்கலாம். தூண்டிற்காரனுக்குத் தேவை கயிறு எங்கே தரை தட்டும் என்பது மட்டுமே. மன்னார் வளைகுடா மீனவர் கடலடிப் பாறைத் திட்டைப் ‘பார்’ என்று அழைப்பதும் இதே கணக்குதான். கடலுக்குள் இருப்பதை மலை என்று பார்க்க எதிரொலி கொண்டு ஆழம் அளக்கும் கருவி வரவேண்டியிருந்தது. கடலடி மலை என்ற சொல்லை அமெரிக்கப் புவிப்பெயர் வாரியம் முதன்முதலில் ஒரு பெயரோடு சேர்த்தது 1938-இல், கலிபோர்னியா மாநிலக் கடற்கரைக்கு அப்பாலுள்ள டேவிட்சன் மலைக்கு. அதன் உச்சி நீர்மட்டத்துக்கு 1,200 மீட்டருக்கும் கீழே இருப்பதால் மூச்சுக்கருவியோடு போகும் எவரும் அதைத் தொட முடியாது. உலகின் கடலடி மலைகளில் பெரும்பாலானவை அப்படிப்பட்டவைதான். மனிதன் நீந்தி இறங்கும் ஆழத்தில் உச்சி அமைந்த மலைகள் மிகச் சில. எல் பாஹோவின் வரலாறு முழுவதும் அந்த 18 மீட்டரிலிருந்து பிறந்தது.

கலிபோர்னியா வளைகுடா புவியியல் கணக்கில் இளைய கடல். பாஹா கலிபோர்னியா தீபகற்பம் மெக்சிகோ பெருநிலத்திலிருந்து பிய்ந்து விலகியதால் 50, 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்னர்தான் இங்கே கடல்நீர் புகுந்தது. தீபகற்பம் இன்றும் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வடமேற்கே நகர்கிறது. பிளவுபட்ட நிலமாதலால் அடித்தளம் கரடுமுரடானது. தீவுகளுக்கு மிக அருகிலேயே பெரும் பள்ளங்கள் உண்டு. ஓடும் நீரோட்டம் கடலடி மலையின் சரிவில் மோதும்போது ஆழத்திலுள்ள குளிர்ந்த, சத்து மிக்க நீர் மேலேறுகிறது. மிதவையுயிர்களைத் தேடிச் சிறுமீன்கள் கூடுகின்றன. அவற்றைத் தேடிச் சூரையும் பாரையும் வருகின்றன. பாறை இடுக்குகளில் களவாவும் அஞ்சாளையும் குடியிருக்கின்றன. சுற்றிலும் பிடிமானமில்லாத நீர்வெளியில் இது ஒரு சந்தை.

இந்தச் சந்தையை மனிதர் நெடுங்காலம் தாண்டியே போனார்கள். லா பாஸுக்கு ஐரோப்பியரை இழுத்தது முத்து. ஸ்பானியப் படைத்தலைவர் எர்னான் கோர்த்தெஸ் 1535 மே மாதம் இவ்வூரின் குடாவில் வந்திறங்கியபோதே முத்தைப் பற்றிய செய்தி அவரை முந்திக்கொண்டிருந்தது. அடுத்த மூன்றரை நூற்றாண்டு காலம் மூச்சடக்கிக் குளிப்பவர்கள் தீவுகளின் ஓரங்களில் சிப்பி அள்ளினர். அவர்களில் பலர் எதிர்க்கரையிலிருந்து கொண்டுவரப்பட்ட யாக்கி பழங்குடியினர். 1870-களில் செப்புத் தலைக்கவசமும் காற்றுக்குழாயும் கொண்ட முக்குளிப்பு உடை வந்ததும், மூச்சடக்கி எட்ட முடியாத ஆழத்துச் சிப்பியும் தீரத் தொடங்கியது. இதைக் கண்டு மாற்றுவழி தேடியவர் கஸ்தோன் வீவெஸ். எஸ்பிரிட்டு சாந்தோ தீவின் சான் கபிரியேல் குடாவில் 1903 முதல் அவர் முத்துச்சிப்பியைப் பயிர்போல வளர்த்தார். உலகின் முதல் பெரிய சிப்பிப் பண்ணைகளில் அது ஒன்று. 1914-இல் மெக்சிகோப் புரட்சிக் காலக் கலவரத்தில் பண்ணை சூறையாடப்பட்டது. 1930-களின் முடிவில் சிப்பி வளம் சரிந்து முத்துக்குளிப்பே தடைசெய்யப்பட்டது. எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக்கும் கடல் உயிரியலாளர் எட் ரிக்கெட்ஸும் 1940-இல் ‘வெஸ்டர்ன் ஃப்ளையர்’ படகில் இவ்வளைகுடாவைச் சுற்றியபோது, லா பாஸ் தன் முத்துக்காலத்தை நினைவில் மட்டுமே வைத்திருந்த ஊர். சிப்பி குடாக்களிலும் தீவோரங்களிலும் வாழ்வது. ஆகவே இத்தனை முக்குளிப்பிலும் திறந்த கடலிலிருந்த மலைமேல் இறங்க யாருக்கும் காரணம் இருக்கவில்லை.

சுறாவின் மீது சந்தையின் கண் பட்டது 1940-களில். இரண்டாம் உலகப் போரால் ஐரோப்பாவின் காட் மீன் ஈரல் எண்ணெய் வரத்து நின்றதும், ‘ஏ’ வைட்டமினுக்காகச் சுறா ஈரலைத் தேடி மெக்சிகோவின் பசிபிக் கரை முழுவதும் வேட்டை நடந்தது. 1940-களின் பிற்பகுதியில் அந்த வைட்டமினைத் தொழிற்சாலையிலேயே செய்யும் வழி வந்ததும் ஈரலின் விலை விழுந்தது. சுறாக்களுக்குக் கிடைத்தது ஓய்வுதான், விடுதலை அல்ல.

1943-இல் ஜாக் கூஸ்தோவும் எமில் கன்யானும் வடிவமைத்த மூச்சுக்கருவி, கப்பலோடு கட்டிய குழாயிலிருந்து முக்குளிப்பவரை அவிழ்த்துவிட்டது. போருக்குப் பின் அது பொழுதுபோக்குக் கருவியாகக் கலிபோர்னியாவுக்கு வந்து, அங்கிருந்து தெற்கே வளைகுடாவுக்கும் பரவியது. முதலில் வந்தவர்கள் தீவோரப் பாறைகளோடு நிறைவடைந்தனர். மலையைத் தேடிப் போனவர்கள் பின்னால் வந்தவர்கள். ஜிபிஎஸ் இல்லாத காலத்தில் தீவின் முனையையும் தொலைவிலுள்ள மலையையும் ஒரே கோட்டில் நிறுத்தி, மற்றொரு திசையில் இன்னொரு கோடு பிடித்து, இரண்டும் வெட்டும் இடத்தில்தான் நங்கூரம் போட வேண்டும். கன்னியாகுமரி மீனவர் கணியம் என்று சொல்லும் அதே கலை. சிறிது பிசகினாலும் கயிறு தரை காணாது.

அனுபவமுள்ளவர்களுக்கு மட்டுமே என்று இத்தகைய மலைகளுக்கு நிபந்தனை விதிப்பது வணிகர் கூட்டும் அலங்காரம் அல்ல. கரையோரப் பவளத்திட்டில் இறங்குபவருக்குத் தரை கண்ணில் படுகிறது. வழி தவறினாலும் சரிவைப் பிடித்து மேலேறிவிடலாம். கடலடி மலையில் முதல் சில நிமிடங்கள் மேலும் நீலம், கீழும் நீலம். எவ்வளவு இறங்கினோம் என்பதைக் கருவி மட்டுமே சொல்லும். நீரோட்டம் பலமாக இருந்தால் நங்கூரக் கயிற்றைப் பற்றியே இறங்க வேண்டும். கயிற்றை விட்டவர் உச்சியைத் தவறவிட்டு, அடியில்லாத கடல்மேல் அடித்துச் செல்லப்படுவார். உச்சியை அடைந்தபின் சிக்கல் வேறு மாதிரியானது. 30 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் நீர்மட்டத்தைப்போல் நான்கு மடங்கு. ஒவ்வொரு மூச்சும் உருளையிலிருந்து நான்கு மடங்கு காற்றைத் தின்கிறது. சாதாரணக் காற்றைச் சுவாசித்து அந்த ஆழத்தில் தங்க, ஏறும்வழியில் கட்டாய நிறுத்தங்கள் வேண்டாமென்றால், ஏறத்தாழ 20 நிமிடமே கிடைக்கும். அதை மீறினால் உடலில் கரைந்த நைட்ரஜன் குமிழிகளாகி மூட்டுகளையும் நரம்புகளையும் தாக்கும். அந்த ஆழத்திலேயே நைட்ரஜன் மெல்லிய போதையையும் தரும். சரிவில் இன்னும் கொஞ்சம் கீழே ஏதோ பெரிதாக அசைகிறதே என்று தோன்றும் வேளையில்தான் நிதானம் குறைகிறது. திரும்பும்போது 5 மீட்டரில் மூன்று நிமிடம் கயிற்றில் தொங்கி நிற்க வேண்டும். நீரோட்டத்தில் அது காற்றில் கொடி தொங்குவதைப்போல. கயிற்றை இழந்தவர் நிறமிக்க மிதவைக் குழாயை மேலே அனுப்பிவிட்டுப் படகு தன்னைக் கண்டுபிடிக்கும் என்று நம்பி மிதக்கிறார். இவற்றில் எதுவும் திறமையைக் காட்டி மயக்கும் வேலை அல்ல. பதறாமல் இருப்பதே முழுப் பயிற்சி.

இத்தனை தொல்லையையும் மக்கள் பொறுத்துக்கொண்டது கொம்பன் சுறாவுக்காக. தலை இருபுறமும் சுத்தியல்போல் நீண்டு, முனைகளில் கண் வைத்த இச்சுறா, எல் பாஹோவின் உச்சிகளைச் சுற்றிப் பகல் முழுவதும் பெருங்கூட்டமாக நீந்திக்கொண்டிருந்தது. பெரிய சுறா தனித்தே திரியும் என்ற பொதுவான எண்ணத்துக்கு இது நேர் எதிர். காரணத்தைத் தேடி 1979-இல் வந்தவர், அப்போது ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனத்தில் ஆய்வு மாணவராயிருந்த பீட்டர் கிளிம்லி. மூச்சுக்கருவியின் குமிழிச் சத்தத்துக்கு இச்சுறாக்கள் விலகி ஓடின. கிளிம்லி கருவியைக் கழற்றிவிட்டு, பழைய முத்துக்குளிப்பவரைப்போல மூச்சடக்கிக் கூட்டத்துக்கு நடுவே இறங்கினார். நவீன ஆய்வொன்று வளைகுடாவின் மிகப் பழைய தொழிலிடம் கடன் வாங்கியது இப்படித்தான்.

இரட்டைக் கேமராவால் படமெடுத்துச் சுறாக்களின் நீளத்தையும் இடைவெளியையும் அவர் கணக்கிட்டார். சக ஆய்வாளர் டொனால்ட் நெல்சனோடு சேர்ந்து 1981-இல் வெளியிட்ட கட்டுரை, ஒரே கூட்டத்தில் 200-க்கும் மேற்பட்ட சுறாக்கள் இருந்ததைப் பதிவு செய்தது. கூட்டத்தில் பெரும்பான்மை பெண் சுறாக்கள். பெரிய பெண்கள் நடுவிடத்துக்காகப் போட்டியிட்டு, உடலைத் திருகிச் சுழன்று சிறியவற்றை ஓரத்துக்குத் தள்ளின. இணை தேடும் ஆண்கள் நடுவே பாய்ந்து வந்தன. பகலில் எதுவும் இரை தேடவில்லை, பக்கத்திலேயே திரிந்த மீன்களைக்கூடத் தீண்டவில்லை. ஒலி எழுப்பும் சிறு கருவிகளைச் சுறாக்களின் உடலில் பொருத்தி இரவில் படகில் பின்தொடர்ந்தபோது மீதிக் கதை கிடைத்தது. பொழுது சாய்ந்ததும் அவை தனித்தனியே பிரிந்து, பல கிலோமீட்டர் திறந்த கடலுக்குச் சென்று, ஆழத்தில் கணவாயும் மீனும் தின்று, விடியுமுன் அதே மலைக்குத் திரும்பின. இருட்டில், தரை காணாத நீரில், நேர்கோடு பிசகாமல். மலைப்பாறையின் காந்தத்தன்மையால் சுற்றியுள்ள கடலடியில் காந்தப்புலம் கூடியும் குறைந்தும் வரிகளாக ஓடுகிறது, சுறாக்கள் அவ்வரிகளைப் பாதைபோல் பின்பற்றுகின்றன என்று 1993-இல் கிளிம்லி வாதிட்டார். மீனவர் கரையின் மலைகளைப் பார்த்து இடம் கண்டார்கள். சுறாக்கள் கடலின் மலையை அதன் காந்தத்தால் கண்டன என்று தோன்றுகிறது.

அதே காலத்தில் மலையின் பெயர் வேறொரு வழியிலும் பரவியது. 1980-இல் ஒரு அமெரிக்கத் தொலைக்காட்சிக் குழு சுறாப் படமெடுக்க வந்தபோது, மீன்பிடி கயிறு உடலில் சிக்கிக் காயப்பட்ட ஒரு மாபெரும் கொம்புத்திருக்கை அவர்களை அண்டியது. கயிற்றை அகற்ற அனுமதித்தது, பின்னர் ஆட்களை முதுகில் சுமந்தும் திரிந்தது. குழுவில் இருந்தவர் பீட்டர் பெஞ்ச்லி. 1974-இல் ‘ஜாஸ்’ எழுதிச் சுறா என்றாலே உலகம் நடுங்கும்படி செய்தவர். இந்த நிகழ்வை வைத்து அவர் 1982-இல் எழுதிய ‘கோர்த்தெஸ் கடலின் பெண்’ (கோர்த்தெஸ் கடல் இவ்வளைகுடாவின் மறுபெயர்) என்ற நாவலில், ஒரு கடலடி மலையை மீனவரிடமிருந்து காக்கப் போராடுகிறாள் ஒரு சிறுமி. ‘ஜாஸ்’ போல் அது விற்கவில்லை. திருக்கையின் மேல் சவாரி செய்வதை இன்று எந்தப் பயிற்சியாளரும் அனுமதிப்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

புகழ் வந்தது, கூட்டம் போனது. 1980-களிலும் 1990-களிலும் வளைகுடா எங்கும் செவுள்வலைகள் பெருகின. ஆசியச் சந்தையில் சுறாத் துடுப்பின் விலை உயர்ந்தது. குட்டிகள் வளரும் ஆழமற்ற கரையோரத்திலும், தாய்கள் கூடும் மலையிலும் ஒருசேரப் பிடித்ததால், இரு முனையிலும் இனம் தேய்ந்தது. 1990-களின் பிற்பகுதியில் கிளிம்லி திரும்பி வந்தபோது, நூற்றுக்கணக்கில் கண்ட இடத்தில் விரல்விட்டு எண்ணுமளவே கண்டார். முக்குளிப்போரால் சுறாக்கள் விரட்டப்பட்டன என்று சிலர் சொல்வதுண்டு. குமிழிச் சத்தம் ஒரு கூட்டத்தை மலையின் மறுபுறம் நகர்த்தலாம். இனத்தையே குறைக்க வலை வேண்டும்.

சட்டங்கள் பின்னால் வந்தன. மெக்சிகோவின் சுறா மீன்பிடி விதிகள் 2007-இல் வெளியாகிக் கொம்புத்திருக்கையைப் பிடிப்பதைத் தடைசெய்தன. அதே ஆண்டில் எஸ்பிரிட்டு சாந்தோ தீவுக்கூட்டத்தின் கடற்பகுதி தேசியப் பூங்காவானது. 2012 முதல் பசிபிக் கரையில் மே 1 தொடங்கி ஜூலை 31 வரை சுறாப்பிடி தடைக்காலம் நடப்பில் உள்ளது. 2013-இல் கொம்பன் சுறா சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டதால் அதன் பன்னாட்டு வணிகம் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. 2019 முதல் ஐயூசிஎன் செம்பட்டியலில் அழிவின் விளிம்பில் உள்ள இனங்களோடு அது நிற்கிறது.

இன்று எல் பாஹோவில் இறங்குபவர் உச்சிப் பாறைகளில் அஞ்சாளைகளையும் சூழ்ந்து சுழலும் பாரைக் கூட்டங்களையும் காண்பார். பருவம் வாய்த்தால் கொம்புத்திருக்கையும் வரும். கொம்பன் சுறா தென்பட்டால் அது அன்றைய நாளின் செய்தி. பெண் கொம்பன் சுறா முதல் குட்டி ஈனப் பதின்மூன்று, பதினைந்து ஆண்டுகள் ஆகும் என்று மதிப்பிடப்பட்டிருக்கிறது. அந்தக் கணக்கில், தடைக்காலம் தொடங்கிய 2012-இல் பிறந்த ஒரு பெண் சுறா தாயாவது 2025-க்கும் 2027-க்கும் இடையில்.