சாரமும் சுவரும்: ராக் இசை நாடகங்களின் மேடையமைப்பில் அமெரிக்க வட்டார அரங்குகளின் பங்கு

அமெரிக்க ராக் இசை நாடகம் 1960களின் இறுதியில் தோன்றியபோது, அதுவரை இசை நாடகங்களுக்கு வழக்கமாயிருந்த தீட்டிய படுதாக்கள் அதற்குப் பொருந்தவில்லை. இடம்விட்டு இடம் விரையும் காட்சிகளுக்கும், மேடைக்கு முன்னுள்ள குழியைவிட்டு மேலேறத் தொடங்கிய வாத்தியக் குழுவுக்கும் ஏற்றதாக, கட்டடத் தொழிலாளர் ஏறி நிற்கும் இரும்புக்குழாய்ச் சாரமே மேடையில் நிலைபெற்றது. வியப்பு என்னவெனில், அது ராக் இசையுடன் வந்ததன்று. மேடையமைப்பாளர் மிங் சோ லீ 1964இல் நியூயார்க்கின் திறந்தவெளி அரங்கில் சோஃபக்ளீஸின் 'எலெக்ட்ரா'வுக்கு அதனை முன்பே பயன்படுத்தியிருந்தார். 1967இல் 'ஹேர்' என்னும் ராக் இசை நாடகம் முதன்முதலாக அரங்கேறியபோது மேடையை அமைத்தவரும் அவரே. மறு ஆண்டு அந்நாடகம் நியூயார்க்கின் வணிக மேடையான பிராட்வேக்குச் சென்றபோது ராபின் வாக்னர் முன்திரையையும் நீக்கி, மேற்கூரைக் கம்பிகள்கூடத் தெரியுமாறு மேடையைத் திறந்துவிட்டார்.

இம்மரபு வளர்ந்த களங்களுள் வட்டார அரங்குகள் குறிப்பிடத்தக்கவை. நியூயார்க்கின் வணிக மேடைகளுக்கு அப்பால், இலாப நோக்கின்றிச் சந்தாதாரர்களையும் நன்கொடையையும் நம்பி ஆண்டுதோறும் நாடகங்களைத் தயாரிக்கும் நிறுவனங்கள் இப்பெயரால் வழங்குகின்றன. கலிஃபோர்னியாவின் லா ஹோயா பிளேஹவுஸ் 1992இல் மேடையேற்றிய 'டாமி' என்னும் ராக் இசை நாடகம் இவ்வகையில் ஒரு திருப்பம். கண்ணாடியில் ஒரு கொலையைக் கண்டு பார்வையும் பேச்சும் கேள்வியும் அடங்கிப்போகும் சிறுவனின் கதை, போர்க்கால இலண்டனில் தொடங்கி ஏறத்தாழ இருபது ஆண்டுகளை நிறுத்தமின்றிக் கடப்பதால், ஒவ்வோர் இடத்தையும் மேடையில் கட்டி எழுப்புவது இயலாத செயல். ஆகவே மேடையமைப்பாளர் ஜான் ஆர்னோன் சில நாற்காலிகள், கண்ணாடி போன்ற பொருள்களோடு மேடையைப் பெரிதும் வெறுமையாக விட, வெண்டல் ஹேரிங்டனின் ஒளிப்பட வீச்சு அவ்வெறுமையில் காலத்தையும் இடத்தையும் எழுதிக் காட்டியது. மறு ஆண்டு பிராட்வேயின் செயின்ட் ஜேம்ஸ் அரங்குக்குச் சென்ற இவ்வமைப்பு ஆர்னோனுக்கு அமெரிக்க நாடகத் துறையின் டோனி விருதைப் பெற்றுத் தந்தது.

'நெக்ஸ்ட் டு நார்மல்' மேலும் நுட்பமானது. நியூயார்க்கில் முதலில் அரங்கேறிக் குறைகள் சுட்டப்பட்ட அந்நாடகம், 2008இன் இறுதியில் வாஷிங்டனின் அரீனா ஸ்டேஜ் தயாரிப்பில் திருத்தி எழுதப்பட்டது. மார்க் வெண்ட்லாண்டின் மூன்றடுக்கு இரும்பு வீட்டில் சுவர்கள் இல்லை. வாத்தியக்காரர்கள் அடுக்குகளிலேயே அமர்ந்திருப்பர். இறந்துபோன மகன், மனநோயுற்ற தாயின் மனத்தில் மட்டும் வாழ்பவனாதலால், மற்றவர்க்கு மேலே எளிதாக ஏறித் திரிகிறான். சாரம் இங்கே நோயுற்ற மனத்தின் வரைபடமாகிவிடுகிறது.

2009இல் பெர்க்லி ரெபர்ட்டரி அரங்கில் தொடங்கிய 'அமெரிக்கன் இடியட்'டுக்குக் கிறிஸ்டின் ஜோன்ஸ், சுவரொட்டிகள் மண்டி, தொலைக்காட்சிப் பெட்டிகள் பதிந்த நெடுஞ்சுவரை எழுப்பினார். 'டாமி'யில் ஒளிவீச்சு வெறுமையை நிரப்பியதெனில், இங்கே படம் சுவருக்குள்ளேயே புகுந்துகொண்டது.

இத்தகைய முயற்சிகளுக்கு வணிகத் தயாரிப்பாளர்கள் கூடுதல் பணம் தருவதும் உண்டு. அதனால் வட்டார மேடையை பிராட்வேக்கான ஒத்திகைக் கூடமாகக் கருதுவோர் உளர். அக்கருத்து முழுமையானதன்று. ஏனெனில் பெர்க்லியில் உருவான மேடையமைப்பே 2010இல் அதே செயின்ட் ஜேம்ஸ் அரங்குக்குச் சென்று, அவ்வாண்டின் டோனி விருதை ஜோன்ஸுக்குப் பெற்றுத் தந்தது.