சபர்மதிக் கரையில் ஒரு கூலிக் கணக்கு

விலைவாசி ஏற, கூலி மட்டும் நின்ற இடத்திலேயே நிற்குமாயின், தொழிலாளி தனித்து நின்று யாது செய்ய இயலும்? நேயர்களே, இவ்வினாவிற்கு அகமதாபாத் நெசவாலைகளின் வரலாறு விடை பகர்கிறது.

1917-இல் அந்நகரில் பிளேக் நோய் பரவியபோது, தொழிலாளர் ஊரைவிட்டு ஓடாதிருக்க ஆலை முதலாளிகள் தனிப்படி அளித்தனர். நோய் தணிந்ததும் அதனை நிறுத்த முற்பட்டனர். போர்க்காலமாதலால் பண்டங்களின் விலையோ தணியவில்லை. நெசவாளர் 50 சதவிகித உயர்வு கோரினர். முதலாளிகள் 20-க்கு மேல் இசையவில்லை. இரு தரப்பு நிலையையும் ஆராய்ந்த காந்தியடிகள், 35 சதவிகிதமே நியாயம் என்றார். முதலாளிகளின் தலைவர் அம்பாலால் சாராபாய். தொழிலாளர் பக்கம் நின்றவரோ அவருடைய உடன்பிறந்த அனசூயா பென்.

1918 பிப்ரவரி 22-இல் கதவடைப்புத் தொடங்கியது. பசியால் தொழிலாளரின் உறுதி தளர்ந்த வேளையில், மார்ச் 15-இல் காந்தியடிகள் உண்ணாநோன்பு பூண்டார். மூன்று நாளில் உடன்பாடு பிறந்தது. நடுவர் ஆனந்தசங்கர் துருவா பின்னர் 35 சதவிகிதமே வழங்கத் தீர்ப்பளித்தார். அந்த ஒற்றுமையே 1920-இல் மஜூர் மகாஜன் சங்கமாக நிலைபெற்றது.

சங்கம் எல்லாம் வல்லதன்று. 1980-களில் ஆலைகள் பல மூடப்பட்டபோது, வேலையைக் காக்க அதனால் இயலவில்லை. ஆயினும், கூலி என்பது முதலாளியின் கருணையன்று, கணக்குப் பார்த்துக் கேட்கத்தக்க உரிமை என்பதை அது நிலைநாட்டியது. ஊர்விட்டு வந்து உழைக்கும் நம்மவர்க்கும் அவ்வுரிமை தனிக்குரலால் கிட்டுவது அரிது.