கொழும்பு மாநகரசபையும் நகர மக்களும்

வரலாறு என்றதும் மன்னரும் போரும் உடன்படிக்கைகளுமே எம் நினைவுக்கு வருகின்றன. ஆயின், ஒரு வீட்டிற்குத் தண்ணீர் எங்கிருந்து வருகின்றது, அவ்வீட்டின் கழிவு எங்கே செல்கின்றது என்பனவும் வரலாறே. கொழும்பு மாநகரில் பரம்பரையாக வாழ்வோரும், கல்வியின் பொருட்டும் தொழிலின் பொருட்டும் யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மலைநாடு முதலிய இடங்களிலிருந்து வந்து குடியேறினோரும் ஆகிய நாம் அனைவரும், காலையிற் கண்விழித்தது முதல் மாநகரசபையின் சேவைகளை நம்பியே வாழ்கின்றோம். அச்சபையின் வரலாற்றை ஊன்றி நோக்குவோமாயின் ஓர் உண்மை தெளிவாகும். யாருடைய குரல் சபையிற் கேட்டதோ அவருடைய வீதிக்கே சேவை முதலிற் சென்றது. குரலற்றவரின் வாசலுக்கு அது பிந்தியே சென்றது. சில வேளைகளிற் சேவைக்குப் பதிலாகப் பிறருடைய கழிவே சென்றது.

சபையின் தோற்றம்

1865ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தினால் கொழும்பிலும் கண்டியிலும் மாநகரசபைகள் அமைக்கப்பட்டன. கொழும்புச் சபை 1866இல் தன் பணியைத் தொடங்கிற்று. மேல் மாகாண அரசாங்க அதிபராயிருந்த சாள்ஸ் பீற்றர் லேயாட் அதன் முதற் தலைவரானார். அரசாங்க உத்தியோகத்தரும் தெரிவு செய்யப்பட்டோரும் அதில் அங்கம் வகித்தனர். ஆயினும் வாக்குரிமை எல்லோர்க்கும் உரியதாயிருக்கவில்லை. சொத்துத் தகுதி உடையோரே வாக்களித்தனர்.

1873இல் புறக்கோட்டையில் சபைக்கு ஒரு நகரமண்டபம் எழுந்தது. 1875இல் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவருக்கு அத்திவாரக்கல் நாட்டப்பட்டு, 1885இல் அவ்வேலை நிறைவெய்தியது. காலித் துறைமுகத்தை நாடிய கப்பல்கள் கொழும்பை நாடலாயின. கப்பல்கள் வரவே தொழிலும், தொழிலைத் தேடி மக்களும் வந்து குவிந்தனர். கொட்டாஞ்சேனை, முகத்துவாரம், புறக்கோட்டை ஆகிய பகுதிகளில் ‘தோட்டம்’ என்றும் ‘வத்தை’ என்றும் பெயர்பெற்ற நெருக்கமான குடியிருப்புகள் பெருகின.

நீர் வந்தது, வடிகால் வரவில்லை

அக்காலத்திற் கொழும்பு மக்கள் பெரும்பாலும் கிணற்று நீரையே பருகினர். சனநெருக்கம் மிகுந்த இடத்திலே கிணறும் மலகூடமும் அருகருகே இருப்பின் நேர்வது யாதென்பதை விளக்க வேண்டியதில்லை. இக்குறையைப் போக்க, நகருக்குக் கிழக்கே மலையடிவாரத்திலுள்ள லபுகமவில் அணைகட்டி ஒரு நீர்த்தேக்கம் அமைக்கப்பட்டது. 1886இல் அவ்வேலை முடிவுற்றது. அங்கிருந்து இரும்புக் குழாய் வழியாக மாளிகாகந்தைத் தாங்கிக்கு வந்த நீர் நகரெங்கும் பகிரப்பட்டது. வசதியுடையோர் வீட்டினுள்ளே குழாய் பூட்டிக்கொண்டனர். ஏழைகளோ தெருவோரத்துப் பொதுக்குழாயைச் சூழ்ந்து குடத்துடன் நின்றனர். எவ்வாறாயினும் அது நகருக்குக் கிடைத்த பெரும் பேறு என்பதில் ஐயமில்லை.

எனினும், வரும் நீர் திரும்பப் போகவும் வழி வேண்டுமன்றோ? குழாய்நீர் பெருகியதும் அழுக்குநீரும் பெருகிற்று. நிலத்தடிக் கழிவுநீர்க் குழாய்களை இடும் வேலையோ இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேதான் ஆரம்பமாயிற்று. இடைப்பட்ட காலத்தில் அழுக்குநீர் தெருக் கான்களிலும் தாழ்நிலங்களிலும் தேங்கியது. தண்ணீர்க் குழாய் கண்ணுக்குத் தெரியும். திறந்துவைக்க விழாவும் எடுக்கலாம். கழிவுக் குழாயோ மண்ணுக்குள்ளே மறைந்து கிடப்பது. அதனாற்போலும் அது எப்போதும் இரண்டாவதாகவே எண்ணப்படுகின்றது.

குழாய் செல்லாத வீடுகளில் வாளி மலகூடங்களே நெடுங்காலம் இருந்தன. வாளியைத் தலையிலும் வண்டியிலும் சுமந்து நகரைக் காத்தோருட் பலர் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளராவர். சாதியின் பெயரால் அவர்களை ஒதுக்கிவைத்த சமூகத்திற்கும் அவர்களுடைய உழைப்பே சுகத்தைத் தந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளியினர் மிகப் பலரை நாடற்றவராக்கியபோது, இத்தொழிலாளரிலும் பலர் வாக்குரிமையற்றவராயினர். நகரத்தைத் தூய்மை செய்தவருக்கு நகரசபையைத் தெரியும் உரிமை இல்லாதிருந்தது. எஞ்சியிருந்தோரின் குறை தீரச் சட்டம் வந்தது 2003இலே.

கொள்ளைநோய் கற்பித்த பாடம்

1914இல் கொழும்பிற் பிளேக் நோய் தோன்றியது. எலிகளின் தெள்ளுப்பூச்சிகளால் மனிதருக்குப் பரவும் நோய் அது. தானியக் களஞ்சியங்களும் காற்றோட்டமற்ற வீடுகளும் நெருங்கியிருந்த இடங்களே எலிகளுக்கு வசதியான உறைவிடங்கள். மறு ஆண்டே, அதாவது 1915இல், வீடமைப்பு நகரச் சீர்திருத்தக் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. தெருவின் அகலம், கட்டிடத்தைச் சூழவுள்ள வெளி, காற்று, வெளிச்சம் என்பனவெல்லாம் சபை கவனிக்க வேண்டிய காரியங்களாயின.

1921இல் பற்றிக் கெடிஸ் என்னும் ஸ்கொத்லாந்து அறிஞர் கொழும்புக்கு ஒரு நகரத் திட்டம் வகுத்தார். உயிரியலைக் கற்றுப் பின்னர் நகரமைப்பிற் புகுந்த இப்பெரியார், அதற்கு முன் மதுரை, தஞ்சை முதலிய நகரங்களையும் நடந்து திரிந்து ஆராய்ந்தவர். நோயாளியைச் சோதித்த பின்னரே மருத்துவன் மருந்து கொடுப்பது போல, நகரத்தை நன்கு ஆராய்ந்த பின்னரே அதில் கைவைக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. ஏழைகளின் குடியிருப்பை முற்றாக இடித்து வீதி அமைப்பதை அவர் விரும்பவில்லை. வேண்டிய அளவே நீக்கி ஏனையவற்றைத் திருத்துவதே நன்றென்றார். குளங்களைத் தூர்ப்பதையும் அவர் எதிர்த்தார். கொழும்பை ஒரு பூங்கா நகரமாகக் கண்டார். மரநிழலும் விசாலமான வீதிகளும் கறுவாத்தோட்டத்தை அணிசெய்தன; வடகொழும்பின் வத்தைகளுக்கோ அந்நிழல் எட்டவில்லை.

மருத்துவர் ஒருவர் நகரபிதாவாதல்

1937இல் டாக்டர் இரத்தினசோதி சரவணமுத்து கொழும்பின் முதலாவது தெரிவு செய்யப்பட்ட நகரபிதாவானார். அவருடைய துணைவியார் நேசம் சரவணமுத்து அதற்கு முன்னரே, 1932இல், கொழும்பு வடக்கிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவாகியிருந்தார். தமிழர் ஒருவர் அப்பதவியை வகித்தார் என்பது எமக்குப் பெருமையே. அதனிலும் சிறந்த பொருள் இதில் உண்டு. உத்தியோகத்தர் தலைமை வகித்த சபை, மக்களால் தெரிவு செய்யப்பட்டோரின் தலைமைக்கு மாறியது என்பதே அது.

நிலத்தின் கணக்கு

கொழும்பு தாழ்வான நிலம். அதனைச் சூழ்ந்த சதுப்பு நிலங்களே பெருமழையின் நீரை ஏந்திவைத்து மெல்ல மெல்லக் களனி கங்கைக்கும் கடலுக்கும் விடுகின்றன. பல்லாண்டுகளாக அவை மண்ணிட்டு நிரப்பப்பட்டன. 2010 நவம்பரில் பெய்த மழையிற் பாராளுமன்ற வளாகமே வெள்ளத்தில் ஆழ்ந்தபோதுதான் அச்சதுப்பு நிலங்களின் அருமை பலருக்கும் புலப்பட்டது. 2018இல் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரங்களென முதன்முதலாக ஏற்கப்பட்ட 18 நகரங்களுள் கொழும்பும் ஒன்றாயிற்று. இது போற்றத்தக்கது. ஆயின் பட்டம் பெறுவதிலும் அதனைக் காப்பது கடினம்.

குப்பையின் கதையோ துயரமானது. புளூமெண்டாலில் இருந்த குப்பைமேடு 2009இல் மூடப்பட்ட பின், நகரின் குப்பை மீதொட்டமுல்லவிற் கொட்டப்பட்டது. அவ்விடம் கொழும்பு மாநகரசபையின் எல்லைக்குள் இல்லை. கொலன்னாவை நகரசபைக்கு உட்பட்டது. ஆகவே எந்தச் சபையின் குப்பை தம் வீட்டருகே மலையாய் வளர்ந்ததோ, அந்தச் சபைக்கு வாக்களிக்கும் உரிமை அங்கு வாழ்ந்தோருக்கு இருக்கவில்லை. அவர்கள் ஆண்டுதோறும் முறையிட்டனர், வீதியில் இறங்கினர். 2017 ஏப்ரல் 14ஆந் திகதி, புத்தாண்டு நாளன்று, அம்மலை சரிந்து வீடுகளின்மேல் விழுந்தது. 32 பேர் மாண்டனர். புத்தாண்டுப் பொங்கலும் பலகாரமும் இருந்த வீடுகளை எங்கள் சமையலறைக் கழிவும் சேர்ந்தே மூடியது. 2021இல் கெரவலப்பிட்டியில் குப்பையிலிருந்து மின்சாரம் எடுக்கும் நிலையம் திறக்கப்பட்டது. நன்மைதான், மாண்டவர்க்கோ அது பிந்திய நன்மை.

இளைஞர் செய்யத்தக்கது

தண்ணீர், வடிகால், வீடு, நிலம், குப்பை என நாம் மேலே கண்டவை யாவற்றிலும் ஒரே முறை காணப்படுகின்றது. துன்பம் முதலில் வருகின்றது. சட்டமும் திட்டமும் அதன் பின்னே வருகின்றன. முறையிட்டவரின் குரல் முன்னரே சபையிற் கேட்டிருப்பின் இடையில் மாண்டோர் பலர் பிழைத்திருப்பர்.

2023 மார்ச்சில் நாட்டின் உள்ளூராட்சிச் சபைகளின் காலம் முடிவுற்றது. நடைபெறவேண்டிய தேர்தல் ஒத்திவைக்கப்பட்டது. 2025 மே 6ஆந் திகதியே மக்கள் வாக்களித்தனர். ஏறக்குறைய ஈராண்டுக்கு மேலாகத் தெரிவு செய்யப்பட்ட பிரதிநிதிகளின்றி உத்தியோகத்தரே நிருவாகம் நடத்தினர். குப்பை வண்டி வந்தது, தெருவிளக்கும் எரிந்தது. ஆயின் கேள்வி கேட்கச் சபை இருக்கவில்லை. 1937இல் கிடைத்ததை நாம் எவ்வளவு இலேசாக மதிக்கின்றோம் என்பதற்கு, இதனைப் பெரிதாக யாரும் பேசாமையே சான்று.

ஆதலால் எம் இளைஞர் சபையின் வரவுசெலவுத் திட்டத்தை வாசிக்கப் பழக வேண்டும். எந்த வட்டாரத்திற்கு எவ்வளவு பணம், எந்தக் கான் எப்போது துப்புரவாகும் என்று கேட்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் அதற்கு வழி செய்துள்ளது. வீட்டுக் குப்பையை வகை பிரித்துக் கொடுப்பதும், அதனை எடுத்துச் செல்லும் தொழிலாளியை மரியாதையுடன் நடத்துவதும் அதனோடு சேர்ந்த கடமைகளே. பெரியோர் தம் நினைவிலுள்ள பழைய வாய்க்கால்களையும் குளங்களையும் இளைஞருக்குக் காட்டிக் கொடுப்பாராக.

எம் வாசல் தூய்மையாயிருப்பது மட்டும் போதாது. அங்கிருந்து அகற்றப்பட்டது யாருடைய வாசலுக்குப் போகின்றது என்று கேட்பவரே நல்ல நகர மக்களாவர். அக்கேள்வியை இடைவிடாது கேட்போமாக.