குருந்தக்கல்லும் பழைய சாணை யந்திரமும்

கிரைண்டர் என்ற சொல்லைக் கேட்டதும் தமிழ்க் குடும்பங்களுக்கு இட்லி மாவுதான் நினைவுக்கு வரும். ஆனால் டில்லி சாவ்ரி பஜாரிலும், மும்பை நாக்தேவி தெருவிலும், ஹவுராப் பட்டறைகளிலும் அச்சொல்லுக்குப் பொருள் வேறு. ஒரு மின்மோட்டாரின் தண்டு இருபுறமும் நீண்டிருக்க, அதன் இரு முனைகளிலும் சாணைச் சக்கரம் பூட்டப்பட்டு, மேசை மீது முடுக்கி வைக்கப்படும் யந்திரத்தையே அங்கே அப்பெயரால் குறிப்பிடுகின்றனர். உளி, அரிவாள், துளையிடும் ஊசி, கடைசல் யந்திரத்தின் வெட்டுக்கருவி ஆகிய எல்லாம் கூர் பெறுவது இதில்தான். தொழில் தொடங்கும் இளைஞன் பழைய யந்திரம் ஒன்றை வாங்க விரும்புகிறான். ஜாம்ஷெட்பூரிலோ பிலாயிலோ பணி ஓய்வு பெற்று ஊர் திரும்பும் ஒருவர், தாம் சேர்த்து வைத்த யந்திரத்தை விற்க விரும்புகிறார். நம் ஊரில் காயலான் கடைக்காரர் என்றும் வடக்கே கபாடி என்றும் அழைக்கப்படும் வணிகர் அதைத் தராசில் நிறுத்து இரும்பு விலை சொல்லுகிறார். அவ்விலை நியாயந்தானா என்று அறிய வேண்டுமானால், இந்த யந்திரம் எவ்வாறு உருவாயிற்று என்பதைச் சற்றே அறிந்திருத்தல் வேண்டும்.

சாணையின் வரலாறு தமிழுக்குப் புறம்பானதன்று. வைரத்திற்கு அடுத்தபடி கடினமான இயற்கைக் கனிமத்தை ஆங்கிலத்தில் கொரண்டம் என்பார்கள். அது நம் குருந்தம் என்ற சொல்லே ஆகும். மாணிக்கமும் நீலமும் வேதியியல் முறையில் இதே கனிமத்தின் நிறவேறுபாடுகள். நாமக்கல்லை அடுத்த சித்தம்பூண்டி வட்டாரத்தில் இக்கல் கிடைப்பதைப் புவியியல் அறிஞர்கள் நெடுங்காலமாக அறிவர். 1798-ஆம் ஆண்டில் சார்லஸ் கிரெவில் என்ற ஆங்கிலேயர் ஆசியாவிலிருந்து வந்த இக்கல்லைப் பற்றி லண்டன் ராயல் சங்கத்தின் ஏட்டில் கட்டுரை எழுதினார். அதன் பின்னர் இப்பெயர் மேலை நாட்டு அறிவியலில் நிலைபெற்றது. சொற்களை ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குக் கொண்டு செல்வதையே பிழைப்பாகக் கொண்ட நமக்கு, கொண்டு செல்வார் யாருமின்றித் தானே கடல் கடந்து போன இந்தச் சொல்லின் மீது சற்று அபிமானம் உண்டு.

நம் நாட்டு மணி வினைஞர்கள் குருந்தத்தைப் பொடித்து, அரக்கை உருக்கி அதனுடன் பிசைந்து, வட்டமாக வார்த்துச் சாணை செய்தனர். வெட்டுகின்ற மணிகள் ஒருபுறம், அவற்றைப் பற்றி நிற்கும் பசை மறுபுறம் என்ற இந்த ஏற்பாடு இன்றைய சக்கரங்களுக்கும் அடிப்படை. மணி தேய்ந்து மழுங்கியதும் பசை அதை நழுவவிட்டுப் புதிய மணியை வெளிக்காட்ட வேண்டும். விடாமல் பிடித்திருந்தால் சக்கரம் பளபளத்து, வெட்டாமல் வெறுமனே உராயும்.

ஐரோப்பாவில் நெடுங்காலம் வேறு வழி பின்பற்றப்பட்டது. மலையில் வெட்டிய மணற்கல்லையே வட்டமாகச் செதுக்கிச் சுழற்றினார்கள். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரம் கத்திகளாலும் முட்கரண்டிகளாலும் புகழ் பெற்றது. அந்தப் புகழுக்கு விலை கொடுத்தவர்கள் சாணைத் தொழிலாளர்கள். கத்தியை நீர் ஊற்றித் தீட்டியவர்கள் ஓரளவு தப்பினர். முட்கரண்டியை உலர்ந்த கல்லில் தீட்டியவர்களோ இளமையிலேயே நுரையீரல் கெட்டு மாண்டனர். 1830-ஆம் ஆண்டில் அந்நகரத்து மருத்துவர் ஆர்னால்டு நைட் இந்நோயைச் சாணைக்காரர் இரைப்பு என்ற பெயரால் விவரித்து எழுதினார். மணற்கல்லின் தூசிதான் அதற்குக் காரணம். இதை அயல் நாட்டுப் பழங்கதை என்று தள்ளிவிடுவதற்கில்லை. குஜராத்தின் காம்பே நகரில் அகேட் கல்லைத் தீட்டி மணி செய்யும் தொழிலாளர்களை இதே நோய் நம் காலத்திலும் பீடித்திருக்கிறது. அங்கே தூசி சக்கரத்திலிருந்து வருவதைக் காட்டிலும் தீட்டப்படும் கல்லிலிருந்தே மிகுதியாக வருகிறது.

மணற்கல்லுக்கு மாற்று அமெரிக்காவில் ஒரு மண்பாண்டச் சூளையிலிருந்து வந்தது. மாசசூசெட்ஸ் மாநிலத்து ஊஸ்டர் நகரில் பிராங்க் நார்ட்டன் என்ற குயவருடைய கூடத்தில், 1870-களில், எமரி என்னும் குருந்தவகைப் பொடியைக் களிமண்ணோடு கலந்து வட்டமாக்கிச் சூளையில் சுட்டார்கள். 1885-இல் அத்தொழில் தனி நிறுவனமாயிற்று. அரக்கின் இடத்தைச் சுட்ட மண் பெற்றது. வெப்பத்தில் இளகாத சக்கரம் கிடைத்தது. 1891-இல் எட்வர்டு அச்செசன் என்பவர் களிமண்ணையும் கல்கரியையும் மின்சாரத்தால் காய்ச்சி, கண்ணாடியைக் கீறும் பளபளப்பான படிகங்களைப் பெற்றார். அது கார்பனும் குருந்தமும் கலந்த கூட்டு என்று கருதி அவர் வைத்த பெயரே கார்பொரண்டம். உண்மையில் அது கார்பனும் சிலிக்கானும் சேர்ந்த பொருள். குருந்தம் அதில் இல்லை. ஆயினும் தமிழ்ச் சொல்லின் வால் மட்டும் அப்பெயரில் ஒட்டிக்கொண்டு உலகெங்கும் போயிற்று. 1895-இல் அவருடைய தொழிற்சாலை மலிவான நீர்மின்சாரத்தை நாடி நயாகரா நீர்வீழ்ச்சியருகே குடியேறியது. 1954-இல் முருகப்பா குழுமம் அந்த அமெரிக்க நிறுவனத்துடனும் ஒரு பிரிட்டிஷ் நிறுவனத்துடனும் கூட்டுச் சேர்ந்து சென்னையில் கார்பொரண்டம் யூனிவர்சல் கம்பெனியைத் தொடங்கியபோது, அச்சொல் தன் ஊருக்குத் திரும்பியது எனலாம். அதற்கு முன்னரே, 1941-இல், பம்பாய்க்கு எதிர்க்கரையில் உரணை அடுத்த மோரா என்ற மீனவக் கிராமத்தில் கிரைண்ட்வெல் நிறுவனம் சக்கரத் தொழிலைத் தொடங்கியிருந்தது.

சக்கரத்தின் கதை இது. மோட்டாரின் கதை அவ்வளவு நீளமானதன்று. பட்டையாலோ காலாலோ சுழற்றப்பட்டு வந்த சாணையோடு மாறுமின்னோட்ட மோட்டார் ஒரே தண்டில் இணைந்ததும், இன்று நாம் காணும் யந்திரம் பிறந்தது. இந்த மோட்டாரில் தேய்ந்து போகும் கார்பன் பிரஷ் இல்லை. சுழலும் பகுதி எதனையும் தொடாமல் சுழல்கிறது. தேய்வது இரு முனையிலும் உள்ள பேரிங்குகள் மட்டுமே. ஐம்பது ஆண்டு கடந்த யந்திரத்தை இன்றும் நம்பி வாங்கலாம் என்று சொல்லுவதற்கு இதுவே காரணம்.

ஆகவே விலை மதிப்பிடுவோர் முதலில் காண வேண்டியது மோட்டாரின் மீது அறையப்பட்டுள்ள பெயர்த்தகடு. வர்ணம் பூசி மறைத்திருந்தால் சிறிது மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தால் போதும். அதில் முகவரி இருந்தால், காலத்தைக் கணிக்க அதைவிடச் சிறந்த சான்று இல்லை. நாட்டில் ஆறிலக்க அஞ்சல் குறியீடு 1972 ஆகஸ்டு 15-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. எனவே ஊர்ப் பெயருக்குப் பின் ஓரிலக்கமோ ஈரிலக்கமோ மட்டும் காணப்பட்டால், யந்திரம் பெரும்பாலும் அதற்கு முற்பட்டது. பம்பாய் 1995-லும், மெட்ராஸ் 1996-லும், கல்கத்தா 2001-லும் பெயர் மாறின. மின்னோட்டத்தின் அலைவை ஹெர்ட்ஸ் என்னாமல் சைக்கிள் என்று பொறித்திருப்பதும் பழமைக்கு அடையாளம்.

காலத்தைக் காட்டிலும் முக்கியமானது மின்சாரத்தின் இனம். கல்கத்தாவில் 1899-இல் பொது மின்விநியோகம் தொடங்கியபோது வழங்கப்பட்டது நேர்மின்னோட்டம். அதற்கென்று செய்யப்பட்ட பழைய மோட்டார்கள் இன்றைய வீட்டு மின்சாரத்தில் பயன்படா. அழகுப் பொருள் சேகரிப்பவரைத் தவிர மற்றவர்களுக்கு அவை இரும்பு விலைதான் பெறும். மற்றொரு வகை, அமெரிக்க யந்திரம். இரண்டாம் உலகப் போர் முடிந்து வங்காளத்திலும் அஸ்ஸாமிலும் அமெரிக்கப் படைகள் விட்டுச் சென்ற உபரிச் சாமான்களை 1946-இல் இந்திய அரசு வாங்கியது. டிஸ்போசல் சரக்கு என்ற பெயரில் அவை பட்டறைகளுக்குள் பரவின. அவ்வகை யந்திரத்தின் தகட்டில் 115 வோல்ட், 60 சைக்கிள் என்றிருக்கும். நம் நாட்டிலோ 230 வோல்ட், 50 சைக்கிள். மின்னழுத்தத்தை ஒரு டிரான்ஸ்பார்மர் குறைத்துத் தரும். சைக்கிளை அது மாற்றாது. நிமிடத்திற்கு ஏறத்தாழ 3,450 முறை சுழல வேண்டிய தண்டு இங்கே 2,850 அளவில்தான் சுழலும், மோட்டாரும் மிகுதியாகச் சூடேறும். வார்ப்பு எத்துணை அழகாக இருந்தாலும், தினமும் வேலை செய்ய வேண்டியவர் அதை விட்டுவிடுவதே நலம்.

அடுத்து, மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுழற்றிப் பார்க்க வேண்டும். தண்டை மேலும் கீழும் அசைத்தால் ஆட்டம் தெரியக்கூடாது. கரகரவென்ற ஒலி கேட்டால் பேரிங் போய்விட்டது என்று பொருள். ஆனால் அதைச் சொல்லி விலையைப் பாதியாக்க முற்படுவது நேர்மையன்று. எண்ணைக் கூறினால் எந்த ஊரிலும் கிடைக்கும் சிறு பொருள் அது. மோட்டார் உறுமிக்கொண்டு சுழலாமல் நின்றாலும் அஞ்ச வேண்டியதில்லை; பெரும்பாலும் கண்டன்சர்தான் பழுதாகியிருக்கும், அதுவும் செலவு குறைந்ததே. வைண்டிங் கருகிய நாற்றம் மட்டும் மூக்கில் பட்டால், புதிதாகச் சுற்றும் கூலியை முழுமையாகக் கழித்தே விலை பேச வேண்டும். தண்டு வளைந்திருந்தால் வாங்கவே வேண்டாம். நிறுத்திய பின் அதிராமல் நெடுநேரம் சுழன்று மெல்ல ஓயும் யந்திரம் நல்ல யந்திரம்.

விற்பவர் பெரும்பாலும் பெருமையாகக் காட்டுவது யந்திரத்தோடு வரும் சக்கரங்களையே. அவற்றிற்கு நாம் ஒரு காசும் மதிப்பிட மாட்டோம். எட்டு அங்குலச் சக்கரம் ஒன்று 2,850 சுற்றில் ஓடும்போது அதன் விளிம்பு மணிக்கு ஏறக்குறைய 109 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. கண்ணுக்குப் புலப்படாத விரிசல் அதில் இருந்தால், துண்டு பறப்பது நிற்பவரின் முகத்தை நோக்கியே. எங்கே கிடந்தது, எத்தனை முறை கீழே விழுந்தது என்பதெல்லாம் தெரியாத பழைய சக்கரத்தை நம்புவதற்கு எந்த முகாந்தரமும் இல்லை. புதிய சக்கரத்தையும் சோதித்தே பூட்ட வேண்டும். நம் பாட்டிமார் பானை வாங்கும்போது விரலால் சுண்டிப் பார்த்த அதே சோதனைதான். சக்கரம் பிறந்ததும் குயவன் சூளையில்தானே! உலர்ந்த சக்கரத்தை ஒரு மரக்குச்சியில் தொங்கவிட்டு, ஸ்க்ரூ டிரைவரின் மரப்பிடியால் இருபுறமும் மெல்லத் தட்டினால், பழுதற்றது கணீரென்று ஒலிக்கும், விரிந்தது மந்தமாக ஒலிக்கும். சக்கரத்தின் மீது ஒட்டிய காகிதத்தில் அச்சிட்டுள்ள உச்ச வேகம் மோட்டாரின் வேகத்திற்குக் குறையாதிருக்க வேண்டும். பூட்டியபின் முதல் ஒரு நிமிடம் யந்திரத்தை ஓடவிட்டு ஒதுங்கி நிற்பது பட்டறை வழக்கம்.

இதே காரணத்தால், சக்கரத்தைச் சுற்றியுள்ள இரும்புக் கூட்டையும், வேலைப்பொருளை வைத்துப் பிடிக்கும் தாங்கியையும் நாம் விலையில் உயர்த்தி மதிப்போம். பழைய யந்திரங்களில் இவை கழன்று தொலைந்திருப்பது சாதாரணம். பேரிங்கைப் போல இவற்றைக் கடையில் எண் சொல்லி வாங்க முடியாது. தாங்கிக்கும் சக்கரத்திற்கும் இடைவெளி எட்டில் ஓர் அங்குலத்திற்கு மேற்படலாகாது. சக்கரம் தேயத் தேயத் தாங்கியை முன்னே தள்ளிக்கொடுக்க வேண்டும். தள்ளுவதற்கான மரை துருவேறி இறுகியிருந்தால், முந்தைய உடையவர் அதை ஒருநாளும் தொடவில்லை என்று அறிந்துகொள்ளலாம். துணி சுற்றிய பழைய மின்கம்பியும், எர்த் இணைப்பு இல்லாத பிளக்கும் இருந்தால் அவற்றை மாற்றும் செலவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இனி, தொகை. கீழெல்லை தராசின் இரும்பு விலை, அதனோடு வைண்டிங் செம்பின் விலை. மேலெல்லை அதே அளவுள்ள புதிய யந்திரத்தின் விலை. இன்று மலிவாக விற்கும் சிறு யந்திரங்களில் வார்ப்பு மெலிந்து, செம்புக்குப் பதில் அலுமினியக் கம்பி சுற்றப்படுவதும் உண்டாகையால், ஒப்பிடுவதற்குத் தரமான புதியதையே எடுத்துக்கொள்ள வேண்டும். அவ்விலையிலிருந்து இரண்டு புதிய சக்கரம், பேரிங், கம்பி, இல்லாத உறுப்புகள் ஆகியவற்றின் செலவைக் கழித்து, மீதியில் பாதியைக் கேட்கும் விற்பவர் அநியாயம் செய்பவரல்லர் என்பது நம் கருத்து. மேலை நாடுகளில் பழமைக்காகவே பொருள் தருவோர் உண்டு. நம் சந்தையில் அவர்கள் அரியர். அரசு ஏல அறிவிப்புகளில், உள்ளது உள்ளபடி, உள்ள இடத்திலேயே என்று ஒரு நிபந்தனை காணப்படும். ஏலம் எடுத்த பிறகு முறையிட இடமில்லை என்பதே அதற்குப் பொருள். பார்வையிடக் குறித்த நாளில் போய்ப் பாராதவர் ஏலம் கேட்காதிருப்பதே நன்று.

பார்க்கப் போகிறவர் இன்னும் ஓர் இடத்தைக் கவனித்து வர வேண்டும். வலப்பக்கச் சக்கரத்தின் நட்டு வழக்கம்போல் இடஞ்சுழியாகக் கழலும். இடப்பக்க நட்டு, சுழற்சியில் தானே தளர்ந்துவிடாதபடி எதிர்மரையாக வெட்டப்பட்டிருப்பதால், வலஞ்சுழியாகத் திருப்பினால்தான் கழலும். இதை அறியாதவர் பலர் சம்மட்டியால் அடித்து மரையை அழித்திருக்கிறார்கள். அழிந்த மரைக்குத் தண்டையே கழற்றிக் கடைசல் பட்டறைக்குக் கொண்டு போக வேண்டியிருக்கும். அந்தக் கூலியும் விலையில் கழியும்.