மூக்கில் ஒன்று, கண்ணில் ஒன்று

பார்ப்பது கண். பெயர் கிடைத்திருப்பது மூக்குக்கு. மூக்குக் கண்ணாடி என்று சொன்ன தமிழன் சுமப்பவன் பக்கம் நின்றிருக்கிறான். காண்டாக்ட் லென்ஸுக்கு அப்படி ஒரு பெயர் இன்னும் அமையவில்லை. தொடு வில்லை, ஒட்டு வில்லை, விழி வில்லை என்று கலைச்சொல்காரர்கள் செய்து பார்த்தார்கள். எதுவும் வாயில் நிற்கவில்லை. கள்ளக்குறிச்சியில் கடைக்காரரும் கல்லூரிப் பெண்ணும் 'லென்ஸ்' என்றுதான் சொல்கிறார்கள். பெயர் வைக்கப்படாத சாமான் இன்னும் வீட்டு மனுஷன் ஆகவில்லை என்று அர்த்தம்.

தினசரி உபயோகத்துக்குக் கண்ணாடியா லென்ஸா என்ற கேள்வியை நம் ஊரில் விலையையும் அழகையும் வைத்துத் தீர்த்துவிடுகிறார்கள். கண்ணாடி பழசு, லென்ஸ் புதுசு என்ற ஒரு சரித்திர ஞானமும் கூடவே இருக்கும். நவீனம் என்ற சொல்லை இலக்கியத்தில் நாம் எவ்வளவு அசட்டையாகப் பயன்படுத்துகிறோமோ அதே அசட்டைதான் இங்கும். இரண்டின் கதையையும் கொஞ்சம் புரட்டிப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

தென்னாட்டில் கண்ணாடி பற்றிக் கிடைக்கும் பழைய சேதிகளில் ஒன்று விஜயநகரத்து வியாசதீர்த்தரைச் சார்ந்தது. 1539இல் காலமான மாத்வ சந்நியாசி. அவர் சரித்திரத்தைச் சோமநாதர் என்ற கவி சம்ஸ்கிருதத்தில் எழுதினார். முதுமையில் சுவடி வாசிக்க அவர் கண்ணாடி வைத்திருந்ததாக அதில் வரும் இடத்தை எடுத்துக்காட்டியவர் பி.கே. கோடே என்ற ஆராய்ச்சியாளர். வருஷம் 1520ஐ ஒட்டி என்று கணக்கு. போர்த்துகீசியர் கோவாவில் உட்கார்ந்து பத்து வருஷம்தான் ஆகியிருந்தது. அவர்கள் வழியாக வந்திருக்கலாம் என்பதுதான் சாதாரணமாக ஏற்கக்கூடிய முடிவு. 1971இல் ஒரு பிரிட்டிஷ் கண் மருத்துவ இதழில் கண்ணாடியே இந்தியாவில் பிறந்ததுதான் என்று ஒருவர் வாதாடினார். எல்லாம் இங்கிருந்துதான் போயிற்று என்ற வியாதிக்கு வைத்தியம் கிடையாது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் இத்தாலியில் கண்ணாடி புழங்கியதற்குச் சான்றுகள் வலுவானவை.

நமக்கென்று நிஜமாகவே ஒன்று இருந்தது: வல்லம். தஞ்சாவூருக்குத் தென்மேற்கே உள்ள அந்த ஊரில் கிடைத்த பளிங்குக் கல்லை அறுத்து, கையால் தேய்த்து, கண்ணாடிக்கு வில்லை செய்தார்கள். திருக்குறள் 706இல் பக்கத்தில் இருப்பதைத் தன்னில் காட்டுவதாக வருகிற அதே பளிங்கு. கண்ணுக்குக் குளிர்ச்சி என்று பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். குளிர்ச்சி சமாசாரத்தை விடுங்கள். சாதாரணக் கண்ணாடியைவிடப் பளிங்கு கடினமானது, சுலபத்தில் கீறல் விழாது. ஆனால் அதற்கு ஒரு கோணல் உண்டு: ஒளிக்கதிரை இரண்டாகப் பிரிக்கும். கல்லின் அச்சுக்கு நேர்குறுக்காக அறுத்தால் தொந்தரவில்லை. தவறினால் எழுத்தின் பக்கத்தில் எழுத்தின் ஆவி நிற்கும். கல்லின் போக்கு தெரிந்த கைதான் முக்கியம். சூத்திரம் தெரியாமல் இதைக் கையால் அறிந்திருந்தவனைப் பற்றி ஒரு வரி எழுதிவைக்க நமக்குத் தோன்றவில்லை. ராஜாவைப் பற்றி எழுத ஆள் இருந்தது. சரபோஜி (ஆட்சி 1798–1832) கண் நோயாளிகளின் கேஸ் குறிப்புகளைச் சித்திரத்தோடு எழுதி வைக்கச் செய்தார். அதை வாஸ்தவமாகவே பாராட்ட வேண்டும். 1819இல் சென்னையில் கண் மருத்துவமனை வந்தது. உலகிலேயே மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்று. பிறகு எழும்பூருக்குப் போயிற்று.

நாற்பது வயதில் வரும் பார்வைக் குறைவுக்குச் சாளேசரம் என்று பெயர். இந்துஸ்தானி 'சாலீஸ்', அதாவது நாற்பது, நம் நாக்கில் பட்டு ஈஸ்வரனாகிவிட்டது. வெள்ளெழுத்து என்ற தமிழ்ச் சொல்லும் உண்டு. எழுத்து வெளுத்துப்போகிறது. கவிதை எழுதுகிறவர்கள் கவனிக்க.

லென்ஸின் கதைக்கு வருவோம். கண்ணின் மேலேயே கண்ணாடியை வைக்கலாம் என்ற யோசனை ஜான் ஹெர்ஷல் 1845இல் சொன்னது. ஜூரிச்சில் அடால்ஃப் ஃபிக் 1888இல் முயலின் கண்ணிலும் பிறகு தன் கண்ணிலும் கண்ணாடி ஓடுகளை வைத்துப் பார்த்தார். மறு வருஷம் கீல் நகரில் ஆகஸ்ட் முல்லர் என்ற மருத்துவ மாணவர் தன்னுடைய கடுமையான கிட்டப்பார்வையைத் தானே தீர்த்துக்கொள்ள முயன்று அதையே பட்ட ஆய்வாக எழுதினார். கொக்கெயின் விட்டு மரத்துப்போகச் செய்தும் அரை மணிக்குமேல் தாங்கவில்லை. விழியின் முன்திரைக்கு ரத்தக் குழாய் கிடையாது. அது நேராகக் காற்றிலிருந்து பிராணவாயு எடுத்துக்கொள்கிறது. கண்ணாடி ஓட்டைக் கவிழ்த்தால் மூச்சு அடைக்கும். அறுபது வருஷம் கழித்து, 1948இல், கெவின் டூஹி அமெரிக்காவில் பிளாஸ்டிக்கில் சின்ன வில்லை செய்தபோதும் பிளாஸ்டிக் வழியாகக் காற்று போகவில்லை. இமைக்கும்போது அடியில் நுழையும் கண்ணீர்தான் கொஞ்சம் காப்பாற்றியது.

மீதிக் கதை பிராகில். ஓட்டோ விக்டர்லே ஒரு ரசாயனப் பேராசிரியர். 1952இல் ரயிலில் பக்கத்து ஸீட்காரர் கண்ணுக்குள் உலோகம் பொருத்துவது பற்றிப் படித்துக்கொண்டிருக்க, உலோகத்தைவிடத் தண்ணீரை உறிஞ்சி மெத்தென்றாகும் ஒரு பிளாஸ்டிக் மேல் என்று பேச்சு போயிருக்கிறது. அவரும் சக ஊழியர் லிம்மும் அதைச் செய்தார்கள். 1958இல் கட்சி நடத்திய களையெடுப்பில் விக்டர்லே கல்லூரியிலிருந்து வெளியே. புதிதாக வந்த ஆய்வு நிலையத்துக்குத் தலைமை ஏற்றும், லென்ஸ் வேலைக்கு மேலிடத்தில் உற்சாகமில்லை. 1961 கிறிஸ்துமஸ் சமயம், வீட்டு மேஜையில், பிள்ளைகளின் மெர்க்குர் என்ற இரும்புத் துண்டு விளையாட்டு செட், சைக்கிள் டைனமோ, மணி அடிக்கும் டிரான்ஸ்ஃபார்மர் இவற்றை வைத்து ஒரு சுழல் இயந்திரம் கட்டினார். சுழலும் அச்சில் திரவத்தை விட்டால் அது தானே வில்லையாக இறுகும். நாலு லென்ஸ் முதலில் வந்தது. பிறகு மனைவியும் அவருமாக ஆயிரக்கணக்கில் செய்தார்கள். உரிமையை அரசாங்கம் அமெரிக்கக் கம்பெனிக்கு விற்றது. 1971இல் அமெரிக்கா அந்த மென்லென்ஸை அங்கீகரித்தது. இதற்குள் 1968 வந்து போய்விட்டது. 'இரண்டாயிரம் சொற்கள்' அறிக்கையில் கையெழுத்துப் போட்ட குற்றத்துக்காக விக்டர்லே நிலையத் தலைமையிலிருந்தும் இறக்கப்பட்டார். உலகம் கண்ணில் போட்டுக்கொண்ட சாமானைச் செய்தவனை அவன் ஊர் கண்ணெடுத்துப் பார்க்கவில்லை. (1989க்குப் பிறகு விஞ்ஞான அகாதெமிக்குத் தலைவரானார். 1998இல் இறந்தார்.) ஸ்தாபனத்துக்கும் சிருஷ்டிக்கும் உள்ள உறவு பற்றிச் சிறுபத்திரிகைகளில் வண்டி வண்டியாக எழுதியிருக்கிறோம். அந்த சைக்கிள் டைனமோ அதைவிடச் சுருக்கமாகச் சொல்கிறது.

1980களில் தூக்கியெறியும் லென்ஸும், 1999இல் பிராணவாயுவைத் தாராளமாக விடும் சிலிகான் கலந்த லென்ஸும் வந்தன. ஃபிக்கின் முயல் பட்ட கஷ்டம் ஒருவாறு தீர்ந்தது. தீராதது தண்ணீர்.

நியூ இங்கிலாந்தில் கணக்கெடுத்து 1989இல் வெளியிட்டார்கள்: பகலில் மட்டும் மென்லென்ஸ் போடுபவர்களில் வருஷத்துக்குப் பத்தாயிரத்துக்கு நாலு பேருக்குக் கருவிழிப் புண், போட்டபடியே தூங்குகிறவர்களில் சுமார் இருபது பேருக்கு. அது அந்த ஊர்த் தண்ணீர், அந்த ஊர்த் தூசி. மதுரை மாவட்டத்தில் எடுத்த ஒரு கணக்கு லென்ஸைப் பற்றியதே அல்ல: ஜனத்தொகை முழுவதிலும் லட்சத்துக்கு 113 பேருக்கு ஒரு வருஷத்தில் கருவிழிப் புண். அமெரிக்காவின் ஒரு மாவட்டக் கணக்கில் இதில் பத்தில் ஒரு பங்குதான். நெல்தாள், சோகை, தூசி, மாட்டு வால் இவற்றால் பட்ட காயத்தில் பூஞ்சை ஏறுகிறது. லென்ஸ் இல்லாமலே இவ்வளவு. கள்ளக்குறிச்சியை ஒரு தரம் நினைத்துப் பாருங்கள். அரிசி ஆலைகள், கச்சிராயப்பாளையத்துக் கரும்பு டிராக்டர்கள், ஆழ்குழாய்த் தண்ணீர். மரச்சிற்பிகள் வேறு (2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது). உளி தெறிக்கிற இடத்தில் அவர்களுக்குக் கண்ணாடி பார்வைக்கு மட்டுமல்ல, கேடயமும்கூட. லென்ஸைக் குழாய்த் தண்ணீரில் கழுவக்கூடாது. அக்காந்தமீபா என்ற நுண்ணுயிர் அதில் வாழக்கூடும். கம்பெனித் திரவமும் கைவிடலாம்: 2006இல் பிரசித்தமான ஒரு லென்ஸ் திரவம் பூஞ்சைத் தொற்றோடு சம்பந்தப்பட்டு உலகம் முழுவதும் திரும்பப் பெறப்பட்டது.

மலைக்கு ஏறினால் நியாயம் மாறுகிறது. கோமுகி அணையைத் தாண்டி வெள்ளிமலைக்குப் போகும் சாலையில் மழைக்காலத்தில் பனி இறங்கினால் கண்ணாடி இரண்டு நிமிஷத்தில் குருடு. பைக்கில், ஹெல்மெட்டுக்குள், துடைக்கவும் வழியில்லை. அங்கே லென்ஸ் சௌகரியம். ஆனால் மேகம் அருவியில் தலையை நீட்டுவதானால் முதலில் லென்ஸைக் கழற்றிவிட வேண்டும்.

கல்வராயன் மலை 1976 வரை மூன்று ஜாகிர்தார்கள் கையில் இருந்தது. அதே 1976இல்தான் தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டமும், மதுரையில் டாக்டர் வெங்கடசாமியின் பதினொரு படுக்கை அரவிந்த் மருத்துவமனையும் வந்தன. தற்செயல்தான், அதற்குமேல் அர்த்தம் தேட வேண்டாம். ஆனால் மலைக்குக் கண்ணாடி எப்போது வந்தது என்று கேட்டால் கீழே வந்ததற்கு வெகு பின்னால். பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசக் கண்ணாடி தரும் 'கண்ணொளி காப்போம்' திட்டம் 2009இல் தொடங்கியது. அரசாங்கம் கண்ணாடி தருகிறது, லென்ஸ் தருவதில்லை. உடைந்தால் நூல் கட்டிப் போட்டுக்கொள்ளலாம், கை கழுவாமல் மாட்டலாம், பாட்டியின் கண்ணாடியைப் பேத்தி மாட்டிச் சிரிக்கலாம். லென்ஸைப் பராமரிக்கச் சோப்பும் சுத்தமான கையும் தனி அறையும் கண்ணாடி பதித்த சுவரும் தேவை. ஒரு வர்க்கமே அதற்குள் உட்கார்ந்திருக்கிறது.

கண்ணாடியும் லென்ஸும் திருத்துவது ஒளி வளையும் கணக்கை மட்டும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். பிழைத்தவர்களில் பார்வை போனவர்கள் உண்டு. மெத்தனால் உடம்பில் ஃபார்மிக் அமிலமாகிப் பார்வை நரம்பைக் கருக்கும். அதற்கு எந்தக் கடையிலும் நம்பர் கிடையாது. அந்த மாதத்தில் என் வரிசையில் நின்று பாஸ்புக்கை நீட்டியவர்களுக்கு நான் தொகையை இரண்டு தரம் உரக்கப் படித்துச் சொன்னேன்.

முகத்துக்கும் வருவோம், தவிர்க்க முடியாது. நம் அரசியலில் கண்ணாடி ஓர் ஆகிருதி. ராஜாஜி, கருணாநிதி, எம்.ஜி.ஆர் என்று மூன்று முதல்வர்கள் கறுப்புக் கண்ணாடியை முகத்தின் ஒரு பாகமாக்கினார்கள். ஆணுக்கு அது கம்பீரம். பெண்பார்க்கும் அன்று மட்டும் பெண்ணின் கண்ணாடி 'கொஞ்ச நேரம் கழற்றி வை' ஆகிறது. நான் பார்த்தவரை எங்கள் வட்டாரத்தில் லென்ஸ் கண் டாக்டர் வழியாக வந்ததைவிட கல்யாணத் தரகர் வழியாக வந்ததுதான் அதிகம். என் சித்தி மகளுக்கு மைனஸ் ஐந்து. மாப்பிள்ளை வீட்டார் வருவதற்கு ஒரு வாரம் முன்பு லென்ஸ் வாங்கினார்கள். 'ஏண்ணா, அவங்க என்னைப் பார்க்கணும்னா நான் அவங்களைப் பார்க்க வேண்டாமா?' என்று கேட்டுவிட்டு, கண்ணாடியோடு காபித் தட்டைக் கொண்டுவந்தாள். அந்தச் சம்பந்தம் அமையவில்லை. அடுத்தது அமைந்தது. லென்ஸை இப்போது ஷட்டில் ஆட மட்டும் போடுகிறாள்.

விமர்சகனாக எனக்குக் கண்ணாடியிடம் ஒரு பட்சபாதம் உண்டு. நடுவில் ஒன்று இருக்கிறது என்பதை அது மறைப்பதில்லை. சட்டம் தெரிகிறது, விளிம்பில் உலகம் வளைகிறது, மைனஸ் வில்லை எல்லாவற்றையும் கொஞ்சம் சின்னதாக்குகிறது. அதை நாம் அறிந்தே பார்க்கிறோம். லென்ஸ் போட்டவன் வெறும் கண்ணால் பார்ப்பதாகப் பாவனை செய்யலாம். யதார்த்தவாதம் என்ற பெயரில் எழுதப்படுபவற்றில் பாதி இந்த ஜாதி. ஆனால் இந்த உவமையை நீட்டினால் லென்ஸுக்கு அநியாயம். கடும் கிட்டப்பார்வைக்காரனுக்கு லென்ஸ்தான் பொருளை அதன் அளவில் காட்டுகிறது. கருவிழி கூம்பாகிப்போனவர்களுக்குக் கண்ணாடி உதவாமல் போகும். அவர்களுக்கு லென்ஸ் அலங்காரம் அல்ல, ஒரே வழி.

கடைசியாக, மேஜைக்காரர்களுக்கு ஒரு சேதி. கடைக்காரர்கள் இதை அவ்வளவாகச் சொல்வதில்லை. கிட்டப்பார்வைக்காரன் கண்ணாடி வழியாகக் கிட்டத்தில் படிக்கும்போது கண் குவிய வேண்டிய அளவு குறைவு. லென்ஸ் போட்டால் அதிகம். அதாவது முப்பதுகளின் முடிவில் லென்ஸுக்கு மாறுகிறவனுக்குச் சாளேசரம் கொஞ்சம் முந்திக்கொண்டு வந்து நிற்கும். தவிர, கம்ப்யூட்டர் திரையைப் பார்க்கும்போது நாம் இமைப்பதே குறைகிறது. மேலே ஃபேன், எதிரில் ஏ.சி. என்று இருந்தால் மத்தியானம் மூன்று மணிக்கு லென்ஸ் மணலாகிவிடும். வங்கியில் எனக்குக் கண்ணாடிதான். மலைக் கிராமங்களில் கடன் முகாம் என்று அனுப்பினால், ஒரு நாள் போட்டு எறியும் லென்ஸில் ஒரு ஜோடியும், பையில் கண்ணாடியும், கை கழுவ ஒரு பாட்டில் தண்ணீரும், துடைக்க ஒரு சுத்தத் துண்டும்.