முடுக்கும் முக்காடும்

ரொம்ப நாளா பாதியில நின்னுக்கிட்டிருந்த பதிவு இது. பர்தா, புர்கான்னு ஒரு வார்த்தை கண்ணுல பட்டாலே பாதிப் பேரு கல்லோட வருவாங்க, மீதிப் பேரு கேடயத்தோட வருவாங்க. அதனாலயே தள்ளிப் போட்டுக்கிட்டிருந்தேன். சண்டையை ஓரமா வச்சிட்டு, எங்க பக்கத்துச் சரித்திரத்தைக் கொஞ்சம் பேசலாம்னு உட்கார்ந்திருக்கேன். பொறுமையா படிங்க மக்களே.

நமக்கு ஊரு சாகுபுரம். தூத்துக்குடியிலேர்ந்து திருச்செந்தூர் போற வழியில ஆறுமுகநேரியை ஒட்டி இருக்கு. 1950-களின் கடைசியில காஸ்டிக் சோடா ஆலைக்காக உருவான ஊர். பேரே முதலாளி குடும்பத்தோட பேர்தான், சாகு ஜெயின். ஊருக்கு எழுபது வயசுகூட ஆகலை. ஆனா கூப்பிடு தூரத்துல, பல நூறு வருஷத்துப் பழைய ஊர் ஒண்ணு இருக்கு. காயல்பட்டினம்.

அந்த ஊருக்குப் புதுசா போறவங்களுக்கு முதல்ல ஒண்ணும் புரியாது. தெருவுல வரிசையா வீடு, திண்ணை, ஆம்பளைங்க உட்கார்ந்து பேசிக்கிட்டிருப்பாங்க. 'பொம்பளைங்களே இல்லாத ஊரா இது?'ன்னு தோணும். இருக்காங்க. அவங்களுக்கு வேற பாதை இருக்கு. சதுக்கைத் தெரு, குத்துக்கல் தெரு மாதிரி பழைய தெருக்கள்ல வீட்டுக்கு ரெண்டு வாசல். முன்வாசல் தெருவைப் பார்த்து, அது ஆம்பளைங்களுக்கு. பின்வாசல் திறக்கறது ஒரு ஒடுக்கமான சந்துக்குள்ள. அதுக்குப் பேரு முடுக்கு. அது பெண்கள் பாதை. ஒரு வீட்டுலேர்ந்து இன்னொரு வீட்டுக்கு, உம்மா வீட்டுலேர்ந்து பெரியம்மா வீட்டுக்கு, கல்யாண வீட்டுக்கு, பெண்கள் தைக்காவுக்குன்னு பெருந்தெருவை மிதிக்காமலே நிறைய இடத்துக்குப் போயிடலாம். எதிர்ல ஒரு பொம்பளை வந்தா ஆம்பளைதான் ஒதுங்கணும், இல்லைன்னா வந்த வழியே திரும்பணும். (நான் ஆம்பளை, முஸ்லிமும் இல்லை. அதனால இதையெல்லாம் முடுக்கோட வாயிலேர்ந்து பார்த்தவன் சொல்றதா எடுத்துக்குங்க.)

தைக்கான்னு சொன்னேன் இல்லையா, அதையும் சொல்லிடறேன். பள்ளிவாசல்ல பெண்களுக்கு இடம் உண்டா இல்லையான்னு உலகம் பூரா விவாதம் நடக்குது. காயல்ல பெண்களுக்குன்னே தனியா தைக்காக்கள் இருக்கு. தொழுகை, திக்ரு, மவ்லிதுன்னு அங்கே நடக்கறதைப் பெண்களே நடத்துவாங்க. பிரிச்சு வச்சதுல பிறந்த ஒரு நிர்வாகம்னு வேணா சொல்லலாம்.

சரி, விஷயத்துக்கு வருவோம். இந்த ஏற்பாடு எங்கேர்ந்து வந்துச்சு? 'குர்ஆன்ல சொல்லியிருக்கு'ங்கறதுதான் எல்லாரும் டக்குன்னு சொல்ற பதில். குர்ஆன்ல இருக்கறதைக் கொஞ்சம் நிதானமாப் பார்த்தா சுவாரசியமா இருக்கும். 24-வது அத்தியாயத்துல, பார்வையைத் தாழ்த்திக்கச் சொல்ற கட்டளை முதல்ல ஆம்பளைங்களுக்குத்தான் (30-வது வசனம்). அடுத்த வசனத்துலதான் பெண்களுக்கு. தலைத்துணியை மார்பு மேல போட்டுக்கச் சொல்றதும் அங்கதான். நாம இன்னிக்கு முக்காட்டுக்குச் சொல்ற 'ஹிஜாப்'ங்கற சொல் அந்த இடத்துல வரவே இல்லை. 33-வது அத்தியாயம் 53-வது வசனத்துல வருது. நபியோட மனைவியர்கிட்ட ஏதாவது கேக்கணும்னா ஒரு 'ஹிஜாபுக்கு' அந்தப் பக்கமிருந்து கேளுங்கன்னு. அங்கே அதுக்கு அர்த்தம் திரை, மறைப்பு. உடம்புல போடற துணி இல்லை, நடுவுல தொங்கற துணி!

இதை மனசுல வச்சுக்கிட்டு முடுக்கைப் பாருங்க. முடுக்கும் ஒரு ஹிஜாப்தான், கல்லும் சுண்ணாம்பும் வச்சுக் கட்டினது.

ஏன் இந்தக் கரையில மட்டும் இப்படிக் கட்டினாங்க? எனக்குத் தோணற காரணம், இது வியாபாரிகளோட ஊர். 13-ம் நூற்றாண்டுக் கடைசியில மார்க்கோ போலோ 'காயல்'ங்கற துறைமுகத்தைப் பத்தி எழுதியிருக்கார். ஹோர்முஸ், ஏடன் பக்கமிருந்து குதிரைக் கப்பலெல்லாம் அங்கேதான் வந்து நிக்கும்னு. அந்தக் காயல், தாமிரபரணி முகத்துவாரத்துப் பழையகாயல்தான்னு கால்டுவெல் ஐயர் எழுதினார். குதிரை உள்ளே, முத்து வெளியே. ஆறு மண்ணு தள்ளி, கடல் விலகி, அந்தத் துறைமுகம் போச்சு. வியாபாரப் புத்தி போகலை. கொழும்பு, கல்கத்தா, பர்மா, ஹாங்காங், அப்புறம் வளைகுடான்னு காயல் ஆம்பளைங்க கிளம்பிக்கிட்டே இருந்தாங்க. வருஷக்கணக்குல ஆம்பளை இல்லாத வீடு. அந்த வீட்டைக் காப்பாத்தற ஏற்பாட்டை ஊரே சேர்ந்து தெரு அமைப்பாவே போட்டுக்கிச்சு.

இதோட இன்னொரு பாதி நிறையப் பேருக்குத் தெரியாது. காயல்ல கல்யாணமாகி பொண்ணு மாப்பிள்ளை வீட்டுக்குப் போறதில்லை. மாப்பிள்ளைதான் பொண்ணு வீட்டுக்கு வரணும். வீடு பொண்ணுக்கு. கீழக்கரை, நாகூர், காரைக்கால், இலங்கையில காத்தான்குடின்னு கடற்கரை முஸ்லிம் ஊர்கள் பலதுலயும் இந்த வழக்கம் உண்டு. அப்போ முடுக்குல நடக்கற பொம்பளை யாரு? அந்த வீட்டுக்காரி! சுத்தி இருக்கறது அவ உம்மா, அக்கா தங்கச்சி, சின்னம்மா. மாமியார் வீட்டுல போய் ஒடுங்கற மருமக கதை அங்கே இல்லை. நம்மள்ல எத்தனை பேர் வீட்டுல அம்மா பேர்ல பட்டா இருக்கு? கையைத் தூக்குங்க பார்ப்போம் :-)

உடனே 'ஆகா சொர்க்கம்'னு சொல்லிடவும் முடியாது. நாலு பொண்ணு பெத்த வாப்பா நாலு வீடு கட்டியாகணும். அதுக்காகவே வெளிநாட்டுல கிடந்து உழைச்சு ஓஞ்சு போனவங்க நிறைய.

அடுத்து இன்னொரு மதிலைப் பார்ப்போம். பெண்ணைப் பிரிச்சு வைக்கறது ஏதோ அரபு நாட்டுலேர்ந்து கப்பல்ல இறங்கினதுன்னு நினைக்கறவங்க, சாகுபுரத்துலேர்ந்து கொஞ்ச தூரம் மேற்கே போகணும். ஸ்ரீவைகுண்டம். அங்கே ஒரு மண்கோட்டை. உள்ளே இருந்தவங்க கோட்டைப் பிள்ளைமார், சைவ வேளாளர்கள். அந்தப் பெண்கள் பிறந்து, வளர்ந்து, கல்யாணமாகி, சாகற வரைக்கும் அந்த மதிலைத் தாண்டக் கூடாது. வெளி ஆம்பளை உள்ளே வரக் கூடாது. இருபதாம் நூற்றாண்டுலயும் இது நடந்துச்சு. கமலா கணேஷ்ங்கற மானுடவியலாளர் இதைப் பத்தி 1993-ல ஒரு புத்தகமே எழுதியிருக்காங்க. நம்ம கடற்கரைக் கத்தோலிக்கக் கோயில்கள்ல ஆம்பளைங்க ஒரு பக்கம், முக்காடு போட்ட பொம்பளைங்க ஒரு பக்கம்னு உட்கார்றதையும் சேர்த்துக்குங்க. ஒரே மாவட்டத்துல மூணு மதம், மூணு பேரும் போட்ட கோடு கிட்டத்தட்ட ஒண்ணு. காயல்காரங்க கோட்டுக்கு உள்ளே நடக்க ஒரு பாதையும் போட்டுக் குடுத்தாங்க, அதுதான் வித்தியாசம்.

இப்போ துணிக்கு வருவோம். 14-ம் நூற்றாண்டுல இபுன் பதூதா இந்தப் பக்கமெல்லாம் சுத்தினார் (மதுரை சுல்தானுக்கு சகலை முறை அவரு, தெரியுமோ?). மேற்குக் கரையில ஹொன்னாவர் போனவர், அங்கத்து முஸ்லிம் பெண்கள் தைக்காத ஒரே துணியை இடுப்புல சுத்தி, மிச்சத்தைத் தலையிலயும் தோள்லயும் போட்டுக்கறாங்க, மூக்குல தங்க வளையம் போட்டிருக்காங்கன்னு எழுதறார். சேலைதான், வேற என்ன! அந்தப் பெண்கள் குர்ஆனை மனப்பாடமா சொல்றாங்க, ஊர்ல பெண் பிள்ளைகளுக்கு 13 பள்ளிக்கூடம், பையன்களுக்கு 23, இப்படி வேற எங்கேயும் பார்த்ததில்லைன்னும் எழுதறார். அப்புறம் மாலத்தீவுல காஜியா வேலை பார்த்தார். அங்கே பெண்கள் இடுப்புக்கு மேல துணி போடறதில்லை. அவங்களும் முஸ்லிம்கள்தான், தொழுகை நோன்புன்னு பக்தியானவங்கதான். இவர் உத்தரவு போட்டுப் பார்த்தார், நடக்கலை. தன்னோட கோர்ட்டுக்கு வழக்குன்னு வர்றப்போ மட்டும் மூடிக்கிட்டு வர வச்சதோட சரி.

ஒரே மார்க்கம், ஒரே சட்டம், ஆனா ஊருக்கு ஊர் துணி வேற. நம்ம பக்கம் அது துப்பட்டி. சேலைக்கு மேல தலையோட சேர்த்துப் போத்திக்கற வெள்ளைத் துணி. நாகூர், காரைக்கால் பக்கம் போனா வெள்ளைத் துப்பட்டி போட்ட பெரிய மனுஷிகளை இப்பவும் ஒண்ணு ரெண்டு பார்க்கலாம். 1970-களுக்கு அப்புறம் வளைகுடாப் பயணம் ஆரம்பிச்சு, கொஞ்சம் கொஞ்சமா அந்த வெள்ளை போய் கறுப்பு வந்துச்சு.

இதுக்கு எல்லாரும் சொல்ற காரணம் 'சவூதி இறக்குமதி', 'மதப் பிடிப்பு அதிகமாயிடுச்சு'. அதுல உண்மை இருக்கு. ஆனா பாதி உண்மைதான். மிச்சப் பாதி முடுக்குல கிடக்கு. முடுக்கு வீட்டையும் வீட்டையும் இணைக்கும். பஸ் ஸ்டாண்டுக்குப் போகாது, காலேஜுக்குப் போகாது, திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குப் போகாது. பெண் பிள்ளைங்க படிக்கக் கிளம்பினப்போ முடுக்கைக் கூட எடுத்துக்கிட்டுப் போக முடியாதே. அப்போதான் சுவர் செஞ்ச வேலையைத் துணி செய்ய ஆரம்பிச்சது. பாகிஸ்தான்ல ஆராய்ச்சி பண்ணின ஹன்னா பாப்பனெக் 1970-கள்லயே இதைச் சொல்லிட்டாங்க, புர்காங்கறது கூடவே தூக்கிட்டுப் போற அந்தப்புரம்ங்கற மாதிரி. காயலைப் பார்த்தா எனக்கு அதுதான் ஞாபகம் வருது. 2006-ல காயல்பட்டினத்துலயே வாவு வஜீஹா மகளிர் கல்லூரி வந்துச்சு. கறுப்பு அங்கியோட கல்லூரிக்குப் போற பொண்ணைப் பார்த்து 'பின்னாடி போறாங்கய்யா'ன்னு சொல்றவங்க, அவ பாட்டி எந்தக் காலேஜுக்குப் போனாங்கன்னும் ஒரு தடவை கேட்டுப் பார்க்கணும்.

அதுக்காக சுவருக்குப் பூ போட நான் தயாரில்லை. சுவரோட விலை என்னன்னு ரெண்டு பெண்கள் வாழ்க்கையிலேயே இருக்கு. நாகூர் சித்தி ஜுனைதா பேகம் 1938-ல 'காதலா கடமையா' நாவல் எழுதினவங்க. உ.வே.சா.வே பாராட்டினார். ஆனா அவங்க பள்ளிப் படிப்பு மூணாம் வகுப்போட நின்னுச்சு. அதுக்கு அரை நூற்றாண்டுக்கு மேல கழிச்சு எழுத வந்த துவரங்குறிச்சி சல்மாவுக்கு 13 வயசுல பள்ளிக்கூடம் நின்னுச்சு. ஒளிஞ்சு ஒளிஞ்சு எழுதினாங்க. 2001-ல பேரூராட்சித் தலைவி, 2004-ல 'இரண்டாம் ஜாமங்களின் கதை', 2025-ல ராஜ்யசபா உறுப்பினர். இவங்க ரெண்டு பேரும் தாண்டிட்டாங்க. தாண்டாம உள்ளேயே அடங்கிப் போன ஜுனைதாக்களும் சல்மாக்களும் எத்தனை பேரோ? 'எங்க பொண்ணுங்க ராணி மாதிரி இருக்காங்க'ன்னு சொல்ற காக்காமார்கள்கிட்ட இந்த ஒரு கேள்வியை மட்டும் வச்சுட்டு நகர்றேன்.

கடைசியா இன்னொரு பக்கத்து ஊர்க் கதை. நம்ம தெற்கே, அன்னிக்குத் திருவிதாங்கூர் ராஜ்ஜியத்துல, நாடார் பெண்கள் மார்பை மறைக்கக் கூடாதுன்னு கட்டுப்பாடு. 1822-லேர்ந்து போராட்டம். சந்தையில துணியைக் கிழிச்சாங்க, வீட்டைக் கொளுத்தினாங்க. 1859-ல மதராஸ் கவர்னர் ட்ரெவெல்யன் நெருக்கடி குடுத்தப்புறம்தான் ஜூலை 26-ல மன்னர் இறங்கி வந்தார். அதுலயும் 'மேல்சாதிப் பெண்கள் மாதிரி போட்டுக்கக் கூடாது'ன்னு ஒரு வால்!

யோசிச்சுப் பாருங்க. அங்கே ஒரு அரசு 'மூடாதே'ன்னுச்சு. 1936-ல ஈரான்ல ரெஸா ஷா, போலீஸை வச்சு முக்காட்டை உருவச் சொன்னார். அதே ஈரான்ல 1979 புரட்சிக்கு அப்புறம் 'மூடு'ன்னு சட்டம். 2022-ல மஹ்ஸா அமினி போலீஸ் காவல்ல செத்துப் போனதுக்குக் காரணம் அந்தச் சட்டம். அதே 2022-ல நம்ம பக்கத்துக் கர்நாடகாவுல முக்காடு போட்ட பிள்ளைங்களை காலேஜ் வாசல்ல நிறுத்தினாங்க. மார்ச் 15-ல ஹைகோர்ட் அந்தத் தடையை ஏத்துக்கிச்சு. அக்டோபர் 13-ல சுப்ரீம் கோர்ட்டுல ரெண்டு நீதிபதியும் ஆளுக்கொரு தீர்ப்பு எழுதினாங்க. மூடச் சொன்னவன், திறக்கச் சொன்னவன் ரெண்டு பேரும் ஒரே வேலையைத்தான் செஞ்சிருக்கான். அவகிட்ட கேக்கலை.

அதனால என் கட்சி இதுதான். துணியோட நீளத்தை அளக்கறதை விட்டுட்டு, ரெண்டே ரெண்டு கேள்வி கேப்போம். வீடு யார் பேர்ல இருக்கு? பள்ளிக்கூடம் எத்தனாங் கிளாஸ்ல நின்னுச்சு? காயல் முதல் கேள்விக்கு நம்மள்ல பல பேரை விட நல்ல பதில் வச்சிருக்கு. ரெண்டாவதுக்கு இப்போதான் பதில் எழுத ஆரம்பிச்சிருக்கு, அதுவும் பெரும்பாலும் கறுப்பு அங்கி போட்ட பிள்ளைங்க கையால. அந்தப் பேனாவை வாசல்ல நின்னு பிடுங்கறவன் எந்தக் கொடியைப் பிடிச்சிருந்தாலும் எனக்கு ஒண்ணுதான்.

பி.கு: கீழக்கரை, அதிராம்பட்டினம், மேலப்பாளையம், காத்தான்குடிப் பதிவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்க ஊர்லயும் பெண்கள் பாதை இருக்கா, அதுக்கு என்ன பேரு, யாரு இன்னும் அதுல நடக்கறாங்கன்னு எழுதுங்க. முக்கியமா, பெண்கள் எழுதுங்க. நான் வாயிலேர்ந்து பார்த்ததுதான், உள்ளே நடந்தவங்க சொன்னாத்தான் சரித்திரம்.