மயிலாப்பூரும் கிறிஸ்தவப் பயணிகளும்

புண்ணிய நகரம் என்றதும் கிறிஸ்தவ அன்பர்தம் நெஞ்சம் எருசலேமையும் ரோமாபுரியையும் நாடி ஓடுதல் இயல்பே. தோட்டத்துக் கிராணி வேலைக்கு நம்மை ஆயத்தம் செய்த ஆங்கிலப் பள்ளி நூல்களும் அந்நகரங்களையே நமக்குக் காட்டின. ஆயினும், மேனாட்டுப் பயணிகள் எழுநூறு ஆண்டுகளுக்கு முன்னரே கடல் கடந்து தேடி வந்த நகரம் ஒன்று தமிழகக் கரையிலேயே உண்டு. அதுவே மயிலாப்பூர். ஏசுநாதரின் பன்னிரு சீடருள் ஒருவராகிய தோமையார் அடக்கம் பெற்ற இடம் என நெடுங்காலமாகப் போற்றப்பட்டு வரும் ஊர் அது.

நம்பிக்கை வேறு, சான்று வேறு என்பதை முதற்கண் கூறிவிடுவோம். தோமையார் இந்தியா வந்தார் என்னும் செய்தியைச் சொல்லும் பழைய நூல், மூன்றாம் நூற்றாண்டளவில் சிரியாக்கு மொழியில் எழுந்தது. அந்நூல் மயிலாப்பூரைப் பெயர் சுட்டிக் கூறவில்லை. அவருடைய எலும்புகள் மேற்றிசைக்கு எடுத்துச் செல்லப்பட்டன என்றும் அதுவே கூறுகிறது. இத்தாலியிலுள்ள ஒர்த்தோனா நகரத்தார், 1258 முதல் அவ்வெலும்புகள் தம்மிடம் உள்ளன என்கின்றனர். இவ்வழக்கைத் தீர்த்தல் நமது நோக்கமன்று. பயணிகள் எழுதி வைத்த குறிப்புகளிலிருந்து வேறொன்றை அறியலாம். அவ்விடத்தைக் காத்து நின்றவர் யாவர் என்பதே அது.

1291-ஆம் ஆண்டையொட்டி, சீனம் செல்லும் வழியில், மொந்தேகொர்வினோ ஊர் யோவான் என்னும் துறவி இங்கு வந்தார். இந்நாட்டில் பதின்மூன்று திங்கள் தங்கிச் சற்றேறக்குறைய நூறு பேருக்குத் திருமுழுக்கு அளித்தார். அவருடன் வந்த தோழர் இங்கேயே இறந்து, தோமையார் கோயிலில் அடக்கமானார். அடுத்து வந்த மார்க்கோ போலோ, இது மக்கள் குறைந்த சிற்றூர் என்றும், விற்பனைச் சரக்கு இன்மையால் வணிகர் நாடாத இடம் என்றும் எழுதுகிறார். ஆயினும் கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் ஒருங்கே யாத்திரை வந்தனர் என்றும், முஸ்லிம்களும் தோமையாரைப் பெரியதொரு தீர்க்கதரிசியாகக் கொண்டாடினர் என்றும் அவர் கூறுகிறார். மயில்கள் சூழத் தோமையார் தொழுதிருக்கையில், மயிலை நோக்கி எய்த அம்பு தவறி அவர்மேல் பாய்ந்தது என்னும் கதையையும் அவர் கேட்டு எழுதியுள்ளார். மயிலை என்னும் ஊர்ப்பெயரோடு இக்கதை பொருந்தி நிற்பதைத் தமிழர் எளிதில் உணர்வர்.

பின்னர், பதினான்காம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஓதோரிக் என்னும் துறவி வந்தார். கோயிலின் அருகே கிறிஸ்தவர் வீடுகள் பதினைந்து இருக்கக் கண்டார். அவர்கள் நெஸ்தோரியப் பிரிவினராதலின், இழிந்த பதிதர் என அவர்களை ஏசி எழுதினார். அந்தோ! தாம் தேடி வந்த கல்லறையைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து நின்றோர் அப்பதினைந்து வீட்டாரே என்பது அவர்தம் சிந்தையில் உதிக்கவில்லை.

பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவ்வீட்டாரும் அருகிப் போயினர் போலும். துவார்த்தே பார்போசா என்னும் போர்த்துக்கீசியர் எழுதியதைக் கேளுங்கள்: கோயில் பாழடைந்து கிடந்தது, ஏழை முஸ்லிம் பக்கிரி ஒருவர் அதனைப் பார்த்துக் கொண்டார், அதன் பொருட்டு அவர் பிச்சை எடுத்தார், அப்பணத்தில் இரவு தோறும் விளக்கொன்று எரிந்தது. அப்பக்கிரியின் பெயரை எழுதி வைத்தாரில்லை.

பெயர் பெற்றோர் அதன்பின் வந்தனர். 1517-இல் மலாக்காவிலிருந்து திரும்பிய போர்த்துக்கீசியர் சிலர், ஆர்மீனிய வணிகர் ஒருவர் வழிகாட்ட அவ்விடத்தை அடைந்தனர். 1523-இல் கல்லறையைத் தோண்டி, எலும்புகளைக் கண்டெடுத்தோம் என்றனர். சாந்தோம் என்னும் நகரம் எழுந்தது. கடலோரத்தில் இருந்த பழைய கபாலீசுவரர் கோயில் அவர்கள் காலத்தில்தான் அழிந்தது என்பது வரலாற்றறிஞர் பலரின் கருத்து. கோயில்கள் இடிக்கப்பட்டன என்னும் முறையீட்டின்பேரில், விஜயநகரத்து ராமராயர் 1559-இல் சாந்தோமின்மேல் படையெடுத்துப் பெரும்பொருள் கொண்டு மீண்டார். 1662-இல் கோல்கொண்டாவும், 1672-இல் பிரெஞ்சுக்காரரும், 1674-இல் மீண்டும் கோல்கொண்டாவும் அந்நகரைக் கைக்கொண்டனர். ஒருவர் அருளுக்காகத் தேடி வந்த இடம் பலர் பீரங்கிக்கு இலக்காயிற்று. விளக்கைக் காக்கப் பக்கிரிக்கு மதில் வேண்டியிருக்கவில்லை. மதில் எழுப்பியோராலோ அந்நகரைக் காக்க இயலவில்லை.

இக்கதை மலாயா நாட்டையும் தொட்டுச் செல்கிறது. 1545-இல் சவேரியார் மயிலாப்பூரில் ஏறத்தாழ நான்கு திங்கள் தங்கித் தோமையார் கல்லறையருகே வேண்டுதல் செய்தார். அதன்பின்னரே கப்பலேறி, அவ்வாண்டு செப்டம்பரில் மலாக்கா சேர்ந்தார். 1552-இல் சீனக் கரையோரத் தீவொன்றில் அவர் இறந்தார். 1553-இல் அவருடலை மலாக்காக் குன்றின்மேலுள்ள ஆலயத்தில் புதைத்து, சில திங்களுக்குள் தோண்டியெடுத்துக் கோவாவுக்குக் கொண்டு சென்றனர். அந்த வெறுங்குழியை இன்றும் அங்கே காணலாம். எலும்பு நீங்கிய பின்னும் மக்கள் அதனைக் காணச் செல்கின்றனர்.

இன்று மயிலாப்பூர் செல்வோர் காண்பது 1896-இல் எழுந்த வெண்ணிறக் கோபுரப் பேராலயம். நாமும் கண்டோம். அதிலிருந்து ஒரு கல் தொலைவுக்குள் புதிதாகக் கட்டப்பெற்ற கபாலீசுவரர் கோயிலும் அதன் திருக்குளமும் உள்ளன. குளத்து நிலம் ஆர்க்காட்டு நவாபு வழங்கியது என்று ஊரார் கூறுவர். மெழுகுவத்தி விற்பவளும் பூ விற்பவளும் ஒரே தெருவில் பிழைக்கின்றனர். படையெடுத்தோர் கோட்டையை அங்கே நாம் கண்டோமில்லை.

தெப்ராவில் வாழும் நமக்கு இவ்வரலாறு அயலன்று. தெப்ராவைச் சூழ்ந்திருந்த தோட்டங்கள் பல வீடமைப்பு மனைகளாகவும் கடைத்தெருக்களாகவும் மாறிவிட்டன. லயங்கள் போயின, லயத்து மக்கள் நகரெங்கும் சிதறினர். அவர்கள் விட்டுச் சென்ற அம்மன் கோயிலுக்கும் சிறு செபக்கூடத்துக்கும் யார் விளக்கேற்றுவார்? எம்மதம், எச்சாதி எனக் கேட்டு ஆள் தேடுவோமாயின் விளக்கு அணைந்தே போகும். நெஸ்தோரியரை ஏசிய துறவியைப் போல, எஞ்சி நிற்கும் சில வீட்டாரை நாமும் ஏசுதல் கூடாது. அவர்களுக்குத் துணை நிற்போம். புண்ணிய நகரம் காணப் புறப்படும் அன்பர்காள்! கல்லறையைக் கண்டு வணங்குமுன், அதன் வாயிலைப் பெருக்குபவர் யார் என்று கேட்டறிந்து, அவரையும் ஒருகால் வணங்குமின்!